ரன்னபிள் என்ற சொல்லோடு ஓர் இரவு: கொண்டெய்னர் பேட்ச் ஜொப்களைத் தானாக அமைக்கப்போன அனுபவங்கள்

வெள்ளவத்தை இரவுப்பணி எழுதியது:

எட்டு மாதங்கள் கடந்துவிட்டன. இருந்தும் அந்த இரவு மனத்தை விட்டுப் போகவில்லை என்பதால் எழுதுகிறேன். ஏ.டபிள்யூ.எஸ். பேட்சை (தரப்பட்ட வேலைகளை, அதாவது ஜொப்களை, கொண்டெய்னர் எனும் நிரல் பொதிகளில் ஓட்டித்தரும் அமேசனின் கிளவுட் சேவை) புதிய கணக்கொன்றில் நிறுவும்போது கையால் செய்யவேண்டிய அத்தனையையும், அதாவது கம்பியூட் என்விரொன்மென்ட் (இயந்திரங்களின் தொகுதி), ஜொப் கியூ (காத்திருப்பு வரிசை), ஜொப் டெஃபினிஷன் (வேலையின் விவரம்), அவற்றுக்குரிய ரோல்கள் (அனுமதிகளைத் தாங்கும் அடையாளங்கள்) எல்லாவற்றையும், ஒரே கட்டளையில் முடித்துவிடும் ஸ்கிரிப்ட் ஒன்றை மூன்று வாரம் இருந்து எழுதியிருந்தேன். எங்கள் பரிசோதனைக் கணக்கில் அது பத்துத் தடவைக்கு மேல் பிசகில்லாமல் ஓடியது. வாடிக்கையாளரின் மும்பைக் கணக்கில் இரவு 11 மணிக்கு ஓட்டினேன். "அனைத்தும் வெற்றிகரமாக அமைக்கப்பட்டன" என்று கடைசி வரி பச்சை எழுத்தில் வந்தது. காலை 6 மணிக்கு அறிக்கைகள் அவர்களுடைய மேசையில் இருக்கவேண்டும் என்பது ஏற்பாடு.

ஜொப்பை அனுப்பினேன். சப்மிட்டட் (அனுப்பப்பட்டது) நிலையைத் தாண்டி ரன்னபிள் (ஓடத் தயார், இயந்திரத்துக்குக் காத்திருக்கிறது) நிலைக்கு வந்தது. வந்த இடத்திலேயே நின்றது. பிழைச் செய்தி எதுவுமில்லை. கொண்டெய்னர் தொடங்கினால்தான் லொக் (ஓட்டப் பதிவு) எழுதப்படும் என்பதால் பார்ப்பதற்கு லொக்கும் இல்லை. ஈ.சி.2 (அமேசனின் வாடகை இயந்திரங்கள்) பட்டியலில் எனக்கான இயந்திரம் எழும்பி, பணத்தையும் எண்ணிக்கொண்டு, ஆரோக்கியமாகவே நின்றது. நினைவகம் போதவில்லையோ என்று குறைத்தேன், சி.பி.யு. அதிகமோ என்று அதையும் குறைத்தேன். இமேஜில் (கொண்டெய்னர் எழும்பும் மூலப் பொதியில்) சந்தேகப்பட்டு அதை மாற்றினேன். ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஜொப் டெஃபினிஷனில் புதிய திருத்த எண் ஒன்று ஏறிக்கொண்டே போனது. கடற்கரைப் பாதையில் விடியற்கால ரயில் போகும் சத்தம் கேட்டு நிமிர்ந்தபோது திருத்த எண் 14 ஆகியிருந்தது. திரையில் அதே ரன்னபிள்.

காரணம் மிகச் சிறியது. என் ஸ்கிரிப்ட் கணக்கிலுள்ள சப்நெட்களை, அதாவது வலையமைப்பின் உட்பிரிவுகளை, பட்டியலிட்டு முதல் இரண்டை எடுத்துக்கொள்ளும். எங்கள் கணக்கில் அந்த இரண்டுக்கும் இணையத்துக்கு வழி இருந்தது. அவர்களுடைய கணக்கில் முதல் இரண்டும் உள்ளகச் சப்நெட்கள், இணையத்துக்கு வழிவிடும் என்.ஏ.டி. கேட்வேயும் இல்லை, இணையம் போகாமலே அமேசன் சேவைகளை அடையும் வி.பி.சி. எண்ட்பொயின்ட்களும் இல்லை. இயந்திரம் எழும்பிவிடும். ஆனால் அதனுள் இருக்கும், கொண்டெய்னர்களை ஓட்டும் ஈ.சி.எஸ். சேவையின் ஏஜன்ட் "நான் வந்துவிட்டேன்" என்று சொல்வதற்கு வெளியே போகும் வாசல் கிடையாது. ஆகவே பேட்சின் கணக்கில் அப்படியொரு இயந்திரமே பிறக்கவில்லை.

வாடிக்கையாளர் ஏசியதை மறந்துவிட்டேன். அந்தப் பச்சை வரியை எழுதியவன் நான்தான் என்பதைத்தான் மறக்கமுடியவில்லை.

கொட்டாஞ்சேனை அக்கா எழுதியது:

உங்களுக்கு ஓடாமல் நின்றது, எனக்குச் சாகாமல் நின்றது. கிளவுட் அமைப்பை எழுத்தில் விவரித்து உருவாக்கும் டெரஃபோர்மில் எழுதி, வேலை முடிந்ததும் எல்லாவற்றையும் அழிக்கும் கட்டளையைக் கொடுத்தேன். அது ரோலிலிருந்த அனுமதிகளையும் ரோலையும் முதலில் அழித்துவிட்டு அதன் பிறகே கம்பியூட் என்விரொன்மென்டை அழிக்கப் போனது. தன் இயந்திரங்களைக் கலைத்துவிட்டுப் போவதற்கே அந்த என்விரொன்மென்டுக்கு அந்த ரோல் தேவை. அது இல்லாததால் டிலீட்டிங் (அழிந்துகொண்டிருக்கிறது) என்ற நிலையிலேயே மாட்டிக்கொண்டது. இரண்டு நாட்கள் அலுவலகத்துக்கு வந்ததும் முதல் வேலையாக அதைத்தான் திறந்து பார்த்தேன்; வீட்டில் நோயாளியைப் பார்ப்பதுபோலப் பார்த்தேன். கடைசியில் அதே பெயரில் அதே அனுமதிகளுடன் ரோலை மீண்டும் உருவாக்கினேன். சில நிமிடங்களில் அமைதியாக மறைந்துபோனது. டெரஃபோர்மில் கம்பியூட் என்விரொன்மென்ட் அந்த அனுமதி இணைப்பைச் சார்ந்தது என்று ஒரு வரி எழுதியிருந்தால் இவ்வளவும் நடந்திராது. அந்த எச்சரிக்கை ஆவணத்திலேயே இருக்கிறது என்பதைப் பிறகுதான் வாசித்தேன்.

பழைய ஆபரேட்டர் எழுதியது:

முதலில் எழுதிய தம்பி கோபிக்கக்கூடாது. சப்நெட் தேர்வு பிழைத்தது என்பதை நான் பெரிதாக எடுக்கமாட்டேன். அடுத்தவருடைய கணக்கில் ஒரு தடவைகூடக் கையால் கட்டிப்பார்க்காத ஒன்றை ஸ்கிரிப்டிடம் ஒப்படைத்ததுதான் பிழை. கையால் செய்திருந்தால் சப்நெட்டைத் தெரிவுசெய்யச் சொல்லும் திரையில் ஒரு கணமாவது தயங்கியிருப்பீர்கள்.

என் கதை இரண்டு வரிதான். அதிகாலை 2 மணிக்கு ஓடட்டும் என்று கால அட்டவணையில் 2 என்று எழுதினேன், அது யு.டி.சி. நேரம், கொழும்புக்கு ஐந்தரை மணித்தியாலம் பின்னால் நிற்கும் உலகப் பொது நேரம். கொழும்பில் காலை 7.30 ஆனபோது, கிளைகள் திறப்பதற்கு ஆயத்தமாகும் நேரத்தில், தரவுத்தளம் முழுவதையும் அந்த ஜொப் பிடித்துக்கொண்டது. 1996 இல் முன்னே தள்ளிய கடிகாரத்தை 2006 ஏப்ரலில் மறுபடியும் ஐந்தரைக்கே கொண்டுவந்த நாட்டில் இருந்துகொண்டு நேரத்தில் பிழைவிட்டேன் என்பது வெட்கம்தான். இப்போது அந்தச் சிக்கல் குறைவு: 2022 இறுதியில் வந்த அமேசனின் ஈவண்ட்பிரிட்ஜ் ஷெட்யூலரிலும், கொண்டெய்னர்களை நிர்வகிக்கும் குபர்நெட்டீஸின் 1.27 பதிப்பிலிருந்து குரொன்ஜொப்பிலும் (நேரப்படி ஓடும் ஜொப்), ஆசியா/கொழும்பு என்று நேர வலயத்தை நேரடியாக எழுதலாம்.

இனி யாரும் கேட்காவிட்டாலும் சொல்கிறேன். அமைக்கும் ஸ்கிரிப்டின் வேலை பொருட்களை உருவாக்குவதோடு முடிவதில்லை. எல்லாம் உருவான பிறகு, ஒரேயொரு வரியை அச்சிட்டுவிட்டு வெளியேறும் மிகச் சிறிய ஜொப் ஒன்றை அதே கியூவில் அனுப்பி, அது சக்சீடட் (வெற்றி) என்று வரும்வரை பதினைந்து நிமிடம் காத்திருந்து, வராவிட்டால் சிவப்பு எழுத்தில் கத்தவேண்டும். சப்நெட்டை ஸ்கிரிப்ட் ஊகிக்கவே கூடாது. ஓட்டுபவர் தரவேண்டிய கட்டாய உள்ளீடாக அதை வைத்து, தரப்பட்ட சப்நெட்டின் ரூட் டேபிளில் (வழிகளின் பட்டியலில்) வெளியே போகும் வழி இருக்கிறதா என்று ஸ்கிரிப்ட் தானே பார்க்கவேண்டும். வழி இல்லையென்றால் ஈ.சி.எஸ்., ஈ.சி.ஆர். (இமேஜ் களஞ்சியம்), லொக் ஆகியவற்றுக்கான எண்ட்பொயின்ட்களும் எஸ்3 (கோப்புச் சேமிப்பு) இற்கான கேட்வே எண்ட்பொயின்டும் இருக்கின்றனவா என்று பார்க்கவேண்டும். ஈ.சி.ஆர். இமேஜின் அடுக்குகள் எஸ்3 இலிருந்து வருவதால், எஸ்3 ஐ மறந்தால் ஏஜன்ட் பதிவாகும், ஆனால் இமேஜ் இறங்காது. இமேஜ் மாறினாலும் பெயர் மாறாத லேட்டஸ்ட் என்ற டேக்கை நம்பி ஜொப் டெஃபினிஷன் எழுதுபவர்கள், நேற்று ஓடிய ஜொப் எந்த இமேஜில் ஓடியது என்று யாராவது கேட்கும் நாளில் என்னை நினைத்துக்கொள்வார்கள். அமேசனின் லொக் சேவையான கிளவுட்வொச்சில் லொக்குகள், நாமாகக் காலவரம்பு வைக்காதவரை, காலாவதியாவதில்லை. அதையும் ஸ்கிரிப்டில் எழுதுங்கள். ஜொப்புக்கு நேரவரம்பு வையுங்கள். வைத்திருந்தால் தம்பியின் ஜொப்பும் அரை மணித்தியாலத்தில் விழுந்திருக்கும், அவரும் உறங்கியிருப்பார்.

வெள்ளவத்தை இரவுப்பணி எழுதியது:

நேரவரம்பு வைத்திருந்தேன், அண்ணன், 1800 செக்கன்கள். ஜொப் ஓடத் தொடங்கிய கணத்திலிருந்துதான் அது எண்ணப்படும். ரன்னபிளில் நிற்கும் ஜொப்பின் கடிகாரம் இன்னும் தொடங்கவேயில்லை. கியூவில் நெடுநேரம் நிற்பவற்றை நீக்கும் வசதி தனியாக, கியூவின் அமைப்பில் வருகிறது. கையால் கட்டிப்பார்க்கவில்லை என்பதும் சரியல்ல. எங்கள் கணக்கில் கட்டிப்பார்த்தேன். வாடிக்கையாளரின் கணக்கில் கையால் எதையும் தொடக்கூடாது என்பது அவர்களுடைய நிபந்தனை. பரிசோதனை ஜொப் பற்றிச் சொன்னதை ஏற்றுக்கொள்கிறேன். இப்போது ஸ்கிரிப்டில் அது இருக்கிறது.

பம்பலப்பிட்டி மகன் எழுதியது:

எங்களுடையது குபர்நெட்டீஸ். ஒவ்வொரு புதிய வாடிக்கையாளருக்கும் குரொன்ஜொப் ஒன்றைத் தானாக உருவாக்கும் டெம்ப்ளேட் என் பொறுப்பில் இருந்தது. மாதக் கட்டணம் பற்றிய குறுஞ்செய்திகளை அனுப்பும் ஜொப் ஒன்றை அதன்வழி அமைத்தேன். அன்று மாலை அம்மா கூப்பிட்டார்: "தம்பி, ஒரே பில் ஏழு தரம் வந்திருக்கு. ஏழு தரமும் கட்டவேணுமோ?"

அவரும் அந்தச் சேவையின் வாடிக்கையாளர். பட்டியலின் முதல் வரிகளிலேயே அவருடைய இலக்கம் இருந்தது. கைபேசியை வாங்கி ஏழு செய்திகளும் வந்த நேரங்களை ஒரு தாளில் எழுதினேன். முதல் இரண்டுக்கும் இடையே ஏறக்குறைய 10 செக்கன், அடுத்தது 20 போல, பிறகு 40, பிறகு 80. ஒவ்வொரு இடைவெளியும் முன்னையதன் இரு மடங்கு. மேசையில் தேநீர் ஆறிக்கொண்டிருக்க, எந்த லொக்கையும் திறக்காமலே எனக்கு விளங்கிவிட்டது. செய்திகளை அனுப்பி முடித்த பிறகு, கடைசியில் சுருக்க அறிக்கையை எழுதும் அடியில் கொண்டெய்னர் விழுகிறது. ஜொப் தோற்றதாக எண்ணி குபர்நெட்டீஸ் மறுபடி தொடங்குகிறது. நான் டெம்ப்ளேட்டில் பேக்கொஃப்லிமிட், அதாவது மறுமுயற்சிகளின் எல்லை, எழுதவில்லை. எழுதாவிட்டால் அது 6. முதல் முயற்சியோடு சேர்த்தால் ஏழு.

அனுப்பப்பட்ட இலக்கங்களைக் குறித்துவைத்து மறுமுறை அவற்றைத் தாண்டிப்போகும்படி நிரலை மாற்றினோம். டெம்ப்ளேட்டில் பேக்கொஃப்லிமிட்டைப் பூச்சியமாக்கினேன். ஒரு ஓட்டம் முடியுமுன் அடுத்தது தொடங்காதபடி கன்கரன்சி பொலிசியை ஃபோர்பிட் (தடு) என்றும் வைத்தேன். எழுதாமல் விட்டால் அது அலவ் (அனுமதி). எழுதாத வரியும் ஒரு முடிவுதான் என்று மேலாளரிடம் சொல்லப்போய் வாங்கிக்கட்டிக்கொண்டது வேறு கதை. அம்மா இன்றைக்கும் பில் வந்ததும் எத்தனை தரம் என்று எண்ணிப் பார்த்துவிட்டுத்தான் கட்டுகிறார்.

நூறாம் இலக்கப் பயணி எழுதியது:

என்னுடையது சிறியது. புதிய மக்புக்கில் கட்டிய இமேஜ் ஏ.ஆர்.எம். செயலி வகை; கிளவுடில் எழும்பிய இயந்திரம் இன்டெல் வகை. எக்செக் ஃபோர்மட் எரர் என்ற ஒரு வரியோடு ஒவ்வொரு ஜொப்பும் பிறந்த கணமே செத்தது. இமேஜ் கட்டும்போது பிளட்ஃபோர்ம் எதுவென்று எழுதியதும் தீர்ந்தது. காலி வீதியில் நூறாம் இலக்க பஸ்ஸில் நின்றபடி, "கொண்டெய்னர் எல்லாம் மும்பையில நிக்குது, ஒண்டும் அசையுதில்லை" என்று தொலைபேசியில் சொல்லிக்கொண்டிருந்தேன். பக்கத்திலிருந்த பெரியவர் சுங்கத்தில் தனக்கு ஆளைத் தெரியும் என்றார்.

டொலர்க் கணக்கு எழுதியது:

பழைய ஆபரேட்டர் இவ்வளவு நீளமாக அறிவுரை சொல்லியும் காசைப் பற்றி ஒரு வரியும் சொல்லவில்லை. கிளவுட் கட்டணப் பட்டியல் டொலரில் வருகிறது என்பதை நாங்கள் எப்படி அறிந்துகொண்டோம் என்பதைச் சொல்கிறேன். 2022 மார்ச் தொடக்கத்தில் டொலர் 200 ரூபாய் அளவில் இருந்தது. மே மாதத்தில் 360 வரை போனது. அதற்கிடையே, மார்ச் முடிவில், 13 மணித்தியால மின்வெட்டு.

எங்கள் அமைப்பு ஸ்கிரிப்டில் குறைந்தபட்ச வி.சி.பி.யு. (ஜொப் இல்லாதபோதும் எழுப்பிவைக்கும் மெய்நிகர் செயலிகள்) 16 என்று இருந்தது. ஜொப்கள் உடனே தொடங்கவேண்டும் என்பதற்காக யாரோ வைத்தது. யாரோ என்கிறேன், நான்தான். செலவைக் குறைக்கச் சொன்னபோது கம்பியூட் என்விரொன்மென்டை டிசேபிள் செய்துவிட்டு வீட்டுக்குப் போனேன். இரண்டு வாரம் கழித்து, மின்சாரமில்லாத அலுவலகத்தில், மடிக்கணினியின் மிச்ச பற்றரியிலும் கைபேசியின் இணைப்பிலும் பட்டியலைத் திறந்தேன். சிங்கப்பூரில் என் இயந்திரங்கள் அத்தனையும் விளக்கெரிய நின்றிருந்தன. ஒரு ஜொப்பும் இல்லை. டிசேபிள் செய்தால் புதிய ஜொப்களை ஏற்காது, அவ்வளவுதான். குறைந்தபட்சம் என்று நாம் கொடுத்த எண்ணை அப்போதும் அது காப்பாற்றிக்கொண்டே இருக்கும். ஆவணத்தில் அடைப்புக்குறிக்குள் ஒரு வரியாக அது எழுதப்பட்டிருக்கிறது. பூச்சியமாக மாற்றிவிட்டு, படிக்கட்டில் மெழுகுதிரி வெளிச்சத்தில் ஐந்து மாடி இறங்கி வந்தது நினைவிருக்கிறது.

வெள்ளவத்தைத் தம்பிக்கு ஒன்று: அன்றிரவு ஈ.சி.2 பட்டியலில் நின்ற அந்த இயந்திரத்தை நிறுத்தினீர்களா?

வெள்ளவத்தை இரவுப்பணி எழுதியது:

நிறுத்தினேன், பேட்ச் இன்னொன்றை எழுப்பியது. கியூவில் ஜொப் நிற்கும்வரை அது எழுப்பிக்கொண்டே இருக்கும் என்று அப்போது தெரியாமல் மூன்று தடவை நிறுத்தினேன்.

கொட்டாஞ்சேனை அக்காவிடம் ஒரு கேள்வி. எங்கள் ஸ்கிரிப்ட் ரோலின் பெயருக்குப் பின்னால் எழுந்தமானமாக ஆறு எழுத்துகளை ஒட்டுகிறது. அந்த ரோல் அழிந்துபோயிருந்தால், அதே பெயரில் மறுபடி உருவாக்குவதற்கு அந்த ஆறு எழுத்துகளை எங்கே தேடுவது? நேற்றிலிருந்து என்னிடமும் ஒன்று டிலீட்டிங்கில் நிற்கிறது.

கொட்டாஞ்சேனை அக்கா எழுதியது:

ரோல் போனாலும் அதன் முழு முகவரி கம்பியூட் என்விரொன்மென்டின் விவரத்தில், சர்விஸ் ரோல் என்ற இடத்தில், அப்படியே இருக்கும். டிஸ்கிரைப் கட்டளை கொடுத்துப் பாருங்கள். கடைசிச் சாய்கோட்டுக்குப் பின்னால் வருவதுதான் பெயர். அனுமதிகளை இணைக்கும்போது, பேட்ச் சேவை அந்த ரோலை ஏற்றுக்கொள்வதற்கான டிரஸ்ட் பொலிசியையும் எழுதுங்கள். நான் முதல் தடவை அதை விட்டுவிட்டுத்தான் இரண்டாம் நாளும் பார்த்துக்கொண்டிருந்தேன்.