தீவுல ஒரு இரவு தங்கப் போறீங்களா? டென்ட்ட பிறகு பாருங்க, முதல்ல தண்ணியும் படகும்

தெஹிவளைக்காரன்:

லோங் வீக்கெண்டுக்கு எங்கட ஆபீஸ் செட் ஒண்டு பத்தலங்குண்டு போகப்போகுதாம், என்னென்ன எடுக்கணும் எண்டு ஒவ்வொருத்தனா வொட்ஸ்அப்ல கேக்குறான், தனித்தனியா டைப் பண்ணி கை வலிக்குது. அதால இங்கயே போடுறேன், வேற தீவுகளுக்குப் போனவங்களும் உங்கட அனுபவத்த கீழ எழுதுங்க.

இடம் தெரியாதவங்களுக்கு, கற்பிட்டியில இருந்து வடக்கால போட்ல போகணும், மணல் தீவு, மரம் குறைவு. மீன்பிடிக்கிற சனம் கிடுகு வாடி (குடிசை) போட்டு இருக்கு, நேவி இருக்கு. கொழும்புல இருந்து புத்தளம் ரோட்டுல போய் புத்தளம் டவுனுக்கு முதல் பாலாவிச் சந்தியில இடப்பக்கம் திரும்பினா நுரைச்சோலை, தலவில் எல்லாம் தாண்டி கற்பிட்டி. நாங்க வான் ஒண்டு பிடிச்சு நடுச்சாமம் கழிச்சுத்தான் வெளிக்கிட்டோம், விடிய கரையில நிக்கணும், ஏனெண்டா அங்க காலையில கடல் அமைதியா இருக்கும், பகல் ஏற ஏற காத்து எழும்பிடும். சாவகாசமா ஒன்பதுக்கு கொழும்பை விட்டு, சிலாபத்துல இறால் சாப்பிட்டுப் போவோம் எண்டு பிளான் போடுறவங்க அந்த இறாலோட திரும்பி வாறது நல்லது.

சரி, தண்ணி. எல்லாரும் டென்ட் எத்தனை பேர் சைஸ், ஸ்லீப்பிங் பேக் தேவையா எண்டுதான் கேக்குறாங்க, தண்ணியப் பத்தி ஒருத்தனும் வாயத் திறக்கல. அந்த வெயிலுக்கு ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு குடிக்க 4 லீற்றர், சமைக்கவும் மத்ததுக்கும் இன்னொரு 2. ஒரு இரவுதானே எண்டாலும் அது ரெண்டு பகல், அதுக்கு மேல ஒரு நாள் ஸ்பேர் கட்டாயம். ஆறு பேர் எண்டா 108 லீற்றர், அதாவது 19 லீற்றர் பெரிய போத்தல்ல ஆறு. கூட எண்டு தோணும், எனக்கும் வானுக்குள்ள பாக்கேக்க அப்படித்தான் தோணிச்சு. இன்னொண்டும் இருக்கு, அது 100 கிலோவுக்கு மேல நிறை, கிட்டத்தட்ட ரெண்டு ஆக்கள் கூட ஏறுற மாதிரி, அதை போட்காரருக்கு முதலே சொல்லணும், கரையில வந்து இறக்கிட்டு முழிக்கக்கூடாது. எல்லாத்தையும் பெரிய போத்தல்ல கொண்டு போகவும் வேண்டாம், அது சரிஞ்சா மூடியால ஒழுகும், பாதிய 5 லீற்றர் போத்தல்ல பிரிச்சு வைங்க. அங்க இருக்கிற சனத்துக்கிட்ட வாங்கலாம் எண்டு நினைக்காதீங்க, நல்ல தண்ணி அவங்களுக்கே கஷ்டம்.

அந்த ஸ்பேர் நாள் ஏன் எண்டு கேட்டா, எங்களுக்கு நடந்ததச் சொல்றேன். காலையில ஏழுக்கு வாறேன் எண்டு சொன்ன போட்கார நானாவக் காணல. போன் எடுத்தா, "தம்பி, கடல் சரியில்ல, இண்டைக்கு எடுக்க ஏலாது, நாளைக்கு விடிய வாறேன்" எண்டார். எங்களோட வந்த ஒரு அண்ணன் முதல்லயே இந்த ஸ்பேர் கணக்கச் சொல்லி எல்லாரையும் தூக்க வச்சிருந்தார், வழி முழுக்க அவரத் திட்டினவன்தான் அண்டைக்கு முதல்ல போத்தலத் திறந்தான். எங்களுக்கு கொஞ்சம் தள்ளி இன்னொரு செட் இருந்திச்சு, பத்தரமுல்ல பக்கத்து பொடியன்கள், அவங்ககிட்ட பியர் இருந்திச்சு, சோடா இருந்திச்சு, தண்ணி மட்டும் காலையிலயே முடிஞ்சு. பத்து மணி போல ஒருத்தன் வந்து "அண்ணா வத்துர டிக்கக்" (கொஞ்சம் தண்ணி) எண்டு அரைத் தமிழ் அரைச் சிங்களத்துல கேட்டான், முகம் செக்கச்செவேல், உதடு வெடிச்சிருந்திச்சு. ரெண்டு போத்தலும் நாலு ஜீவனி (தண்ணியில கரைச்சுக் குடிக்கிற உப்புச்சீனி) பெக்கட்டும் குடுத்தோம். அவங்களும் பதிலுக்கு டின்மீனும் பிஸ்கட்டும் தந்தாங்க, பின்னேரம் எல்லாரும் ஒண்டா இருந்து கார்ட்ஸ் விளையாடினதுதான் அந்த ட்ரிப்புல நல்ல பகுதி.

மத்த சாமான். கடல் மணல்ல டென்ட்டோட வாற பெக் (முளைக்கம்பி) நிக்கவே நிக்காது. 5 கிலோ அரிசி பேக் வெறுமையா ஒரு பத்து கொண்டு போங்க, மணல் நிரப்பி வாய் கட்டி, கயித்த அதுல போட்டு முழங்கால் ஆழத்துல புதைச்சா எந்தக் காத்துக்கும் அசையாது. கயிறு, தறப்பாள் எல்லாம் பழைய சோனகத் தெருவுல வாங்குங்க, மோல்ல கேம்பிங் சாமான் எண்டு விக்கிறதுக்கு குடுக்கிற காசு வீண். தறப்பாள் டென்ட்ட விட முக்கியம், காலையில ஏழரைக்கே டென்ட்டுக்குள்ள பிட்டு அவியிற மாதிரி அவிஞ்சு போவீங்க, பகல் முழுக்க தறப்பாள் நிழல்தான் வாழ்க்கை. அலை கொண்டு வந்து போட்ட பாசிக்கோடு மணல்ல தெரியும், அதுக்கு நல்லா மேல அடிங்க. எங்கட கடல்ல வத்துப்பெருக்கு ஒரு மீற்றரும் இல்ல, ஆனா காத்து மாறினா அலை ஏறி வரும். தென்னை இருந்தா அதுக்குக் கீழ படுக்க வேண்டாம், ஏன் எண்டு சொல்லத் தேவையில்ல.

சாப்பாட்டுக்கு 2.3 கிலோ சின்ன காஸ் சிலிண்டர், பருப்பு, நெத்தலிக் கருவாடு, நூடுல்ஸ். அடுப்பு பத்தவைக்க ஏலாத அளவு காத்து அடிச்சா எண்டு ஒரு பெக்கட் சமபோஷ (சமைக்கத் தேவையில்லாத தானிய மா), கொஞ்சம் சீனியும் தண்ணியும் போட்டு உருட்டினா வேலை முடிஞ்சுது. சாப்பாட்டுப் பெட்டி மூடி இறுக்கமா இருக்கணும், இரவுல சங்குக்குள்ள இருக்கிற நண்டு வரும், வாடி நாயும் வரும், நாய்தான் கெட்டிக்காரன்.

---

கொட்டாஞ்சேனை அக்கா:

எங்கட வீட்டுல டென்ட் எண்ட சாமானே இல்ல தம்பி, ஆனா தீவு மணல்ல இரவு படுக்கிறதுல எங்கட அம்மம்மாவ யாரும் அடிக்க ஏலாது, கச்சதீவு திருவிழாவச் சொல்றேன். செவ்வாய்க்கிழமை தவறாம கொச்சிக்கடை அந்தோனியாரிட்டப் போற ஆக்களுக்கு கச்சதீவு அந்தோனியாரிட்டயும் ஒரு தரமாவது போகணும் எண்டு இருக்கும். தவக்காலத்துல, பெப்ரவரி இல்லாட்டி மார்ச்சுல வரும், 2025ல மார்ச் 14, 15ல நடந்திச்சு. வெள்ளிக்கிழமை பின்னேரம் சிலுவைப்பாதை, இரவு அங்கயே தங்கி சனிக்கிழமை விடிய பூசை. கொழும்புல இருந்து இரவு பஸ்ல யாழ்ப்பாணம், பிறகு குறிகட்டுவான், அங்க இருந்து போட். பேர் பதிவு, அடையாள அட்டை எல்லாம் பார்ப்பாங்க, ஐசியோட ஒரு போட்டோக்கொப்பியும் வைங்க, ஒண்டு நனைஞ்சாலும் மத்தது இருக்கும்.

285 ஏக்கர் தீவு, ஒருத்தரும் நிரந்தரமா இல்ல, குடிக்க நல்ல தண்ணி இல்ல. திருவிழாவுக்கு நேவி தண்ணி, சாப்பாடு, தற்காலிக டொய்லட் எல்லாம் ஒழுங்கு பண்ணுவாங்க, ஆனா ஆயிரக்கணக்குல சனம், கியூவ நினைச்சுப் பாருங்க. அதால அம்மம்மா தன்ட தண்ணிய தானே கொண்டு போவா, ஒரு போத்தல் குடிக்க, ஒரு போத்தல் முகம் கழுவ, ரெண்டாவதுல நூல் கட்டி அடையாளம் வேற. தெஹிவளைத் தம்பி சொன்ன கணக்கு அவவுக்கு எப்பவோ தெரியும்.

சாப்பாட்டுல அவவிட்ட நான் படிச்சது, தேங்காய் போட்ட ஒண்டும் வேண்டாம். தேங்காய்ச் சம்பலும் பிட்டும் அந்த வெக்கைக்கு பின்னேரத்துக்குள்ள புளிச்சிடும். ரொட்டியும் கட்டச்சம்பலும் எண்டா மறுநாள் பூசை முடியிற வரைக்கும் நிக்கும். வெள்ளிக்கிழமை எண்டதால இறைச்சி இல்ல, கருவாட்டுப் பொரியல் போதும். ஒருமுறை எங்களுக்குப் பக்கத்துல பாய் விரிச்சது இராமேஸ்வரத்துல இருந்து வந்த ஒரு குடும்பம், அந்த அம்மா புளிச்சோறு கட்டிக்கொண்டு வந்திருந்தா, அது சும்மா கிண்ணெண்டு இருந்திச்சு, அம்மம்மா ரொட்டியக் குடுத்து புளிச்சோறு வாங்கினா. ரெண்டு பேரும் இரவு ஒரு மணி வரைக்கும் மூட்டு வலியப் பத்திக் கதை, கடைசியா சித்தாலேப டப்பா அந்தப் பக்கம் போய் கோடாலித்தைலம் இந்தப் பக்கம் வந்திச்சு.

இன்னொண்டு, மணல் பகல்ல சுட்டாலும் விடியப்புறம் பனி இறங்கி எல்லாம் ஈரமாகும். மெல்லிய போர்வை எடுங்க, கீழ போட பொலித்தீன் ஷீட் எடுங்க.

---

பம்பலப்பிட்டி பையன்:

திருகோணமலை பக்கம் புறாமலையில டென்ட் அடிக்கலாமா? தண்ணி செம்ம கிளியர் எண்டு பிரெண்ட்ஸ் சொல்றாங்க

---

தெஹிவளைக்காரன்:

இல்ல மச்சான், அது 2003ல இருந்து தேசிய பூங்கா, டிக்கட் எடுத்து பகல்ல போய் பார்த்துட்டு திரும்பி வரணும். இரவு தங்க விடமாட்டாங்க, முருகைக்கல்லத் தொடவும் கூடாது.

---

கற்பிட்டி மகன், இப்ப மருதானை:

எங்கட ஊர்ப் பேச்சு வந்ததால எழுதுறேன். எங்கட வாப்பா போட் ஓட்டினவர், சின்ன வயசுல இருந்து இந்த கொழும்பு ஆக்களப் பார்த்து வளர்ந்தவன் நான், கோவிக்காதீங்க.

முதலாவது, சீசன். மே தொடக்கம் செப்டம்பர் வரைக்கும் தென்மேல் காத்து, அந்த நேரம் கற்பிட்டிக்கு வெள்ளைக்காரன் கைட் சேர்ஃபிங் செய்ய வாறான், அவனுக்கு நல்ல காத்து எண்டா உங்கட போட்டுக்கு கூடாத காத்து, இதை விட லேசா விளங்கப்படுத்த ஏலாது. டொல்பின் பார்க்க ஆக்கள் வாறது நவம்பர் தொடக்கம் ஏப்ரல், அதுதான் உங்கட நேரம், ஆனா டிசம்பர் கடைசியில இருந்து மார்ச் நடு வரைக்கும் சில நாள் வடகீழ் காத்தும் வலுக்கும், ஏப்ரல்ல பின்னேரம் இடி மின்னல். வெட்டவெளி மணல்ல அலுமினியக் கம்பு டென்ட்டுக்குள்ள இருந்துகொண்டு மின்னல் பார்க்கிறது நல்ல யோசனையில்ல. போறதுக்கு முதல் நாளும் அண்டைக்கு விடியவும் வளிமண்டலவியல் திணைக்களத்துட கடல் அறிக்கையப் பாருங்க. கொழும்பு மழை அறிக்கைய இல்ல, "சிலாபத்திலிருந்து புத்தளம் ஊடாக மன்னார் வரையான கடற்பரப்பு" எண்டு ரேடியோவுல வாசிக்கிறாங்களே, அந்தப் பகுதிய. காத்து 50 கிலோமீற்றரத் தாண்டும் எண்டு போட்டிருந்தா போட்காரர் வாறேன் எண்டாலும் நீங்க போகாதீங்க.

ரெண்டாவது, காசு. கரையில நிண்டு பேரம் பேசாதீங்க, போன்லயே பேசி முடிங்க, எத்தனை பேர், எவ்வளவு நிறை, எந்த நேரம் கூட்டிட்டுப் போகணும் எல்லாம். பாதிக் காசு போகும்போது, மத்தப் பாதி கொழும்புப் பக்கம் பார்த்து கரையில கால் வச்ச பிறகு. முழுக்காசும் முதல்ல குடுத்தா வரமாட்டாங்க எண்டு நான் சொல்லல, ஆனா எங்கட வாப்பாவே பாதிதான் வாங்குவார், அது ரெண்டு பக்கத்துக்கும் மரியாதை. இன்னொரு போட்காரர்ட நம்பரும் எடுத்து வைங்க, எஞ்சின் எப்ப மக்கர் பண்ணும் எண்டு யாருக்கும் தெரியாது. கடல் சரியில்ல எண்டு அவர் சொன்னா அதுக்கு மேல ஒரு வார்த்தை பேசக்கூடாது. "நானா, எங்களுக்கு நாளைக்கு ஆபீஸ்" எண்டு அழுத ஒரு ஐயாவ, வாப்பா கரையில இருத்தி பிளேன்டீ குடுத்து பொறுமையா விளங்கப்படுத்தினத நான் கண்ணால பார்த்திருக்கேன்.

லைஃப் ஜக்கட் ஆளுக்கு ஒண்டு, பிள்ளைகளுக்கு பிள்ளை சைஸ். பெரியவங்கட ஜக்கட்ட பிள்ளைக்குப் போட்டா தண்ணியில விழுந்த உடன தலைக்கு மேலால கழண்டு போகும்.

களப்புப் பக்கம் இறங்கி நடக்கிறவங்க கால தூக்கி வைக்காம மணல்ல தேச்சுத் தேச்சு நடங்க, திருக்கை இருந்தா சத்தத்துக்கு விலகிப் போகும். முள்ளு குத்திட்டா, தாங்கக்கூடிய அளவு சுடுதண்ணியில ஒரு மணித்தியாலம் போல காலை வச்சா வலி குறையும், பிறகு கட்டாயம் ஆஸ்பத்திரி, முள்ளுத் துண்டு உள்ள நிக்கும். அதுக்கும் காஸ் வேணும், தண்ணி வேணும், பார்த்தீங்களா.

வாடிப் பக்கம் காய வச்ச வலையில மிதிக்காதீங்க. குப்பைய புதைக்காதீங்க, காத்து ரெண்டு நாள்ல தோண்டி எடுத்திடும், பேக்ல கட்டி கற்பிட்டிக்கு கொண்டு வாங்க.

---

வெள்ளவத்தை பிள்ளை:

ஒருத்தரும் கதைக்கேல்ல, நான் கேக்கிறன். பொம்பிளையள் போனா டொய்லட்டுக்கு என்ன செய்யிறது? மரமே இல்ல எண்டுறீங்கள்.

---

கொட்டாஞ்சேனை அக்கா:

நல்ல கேள்வி மகள். நாலு கம்பும் பழைய பெட்ஷீட்டும் கொண்டு போய் ஒரு மறைப்பு கட்டுங்க, இதை ஆம்பிளைகள்ட லிஸ்ட்டுல முதலாவதா எழுதிக் குடுங்க, அவங்களாகவே யோசிக்க மாட்டாங்க. சின்ன மண்வெட்டி ஒண்டு, அலை வாற இடத்துக்கும் வாடிக்கும் தூரமா ஒரு அடி ஆழம் கிண்டி மூடுங்க. டிஷூவும் பேட்டும் புதைக்க வேண்டாம், கறுப்பு பேக்ல கட்டிக் கொண்டு வாங்க. டொய்லட் போகணுமே எண்டு பயந்து தண்ணி குடிக்காம மட்டும் இருக்காதீங்க, எங்கட கூட்டத்துல மயங்கி விழுந்த பிள்ளைகள் எல்லாரும் அதாலதான்.

---

வெள்ளவத்தை பிள்ளை:

தேங்ஸ் அக்கா, அப்ப நான் போறன். போன் சார்ஜ் நிக்குமோ?

---

தெஹிவளைக்காரன்:

சிக்னல் குறைஞ்ச இடத்துல போன் டவரத் தேடித் தேடியே பெட்டரி இறங்கும், தேவையில்லாத நேரம் ஃப்ளைட் மோட்ல போடுங்க. பவர் பேங்க ஜிப் பேக்ல போட்டு வைங்க. வீட்டுல ஒருத்தருக்கு போட்காரர்ட நம்பரையும் திரும்பி வாற நேரத்தையும் எழுதிக் குடுத்துட்டுப் போங்க. தலையில மாட்டுற டோர்ச் ஆளுக்கு ஒண்டு.

---

பம்பலப்பிட்டி பையன்:

108 லீற்றர் தூக்க ஏலாது ப்ரோ, சோறு கடல் தண்ணியில ஆக்கினா என்ன?

---

கற்பிட்டி மகன், இப்ப மருதானை:

ஒரு லீற்றர் கடல் தண்ணியில கிட்டத்தட்ட 35 கிராம் உப்பு தம்பி, அந்தச் சோற வாயில வைக்க ஏலாது, வச்சாலும் அதை விட ரெண்டு மடங்கு தண்ணி குடிக்க வேணும். சட்டி கழுவ கடல் தண்ணியும் மணலும் போதும், அதுல மிச்சம் பிடிக்கலாம். மீன் அவிக்கிறதெண்டா நாலுல ஒரு பங்கு கடல் தண்ணி கலந்து வைங்க, உப்பு போடத் தேவையில்ல.