ஷட்டர் வேகம் 1/1000 நொடிக்கு மேல் போனால் படத்தில் கறுப்புப் பட்டை: கேமராவைச் சரிசெய்வதா, வேறு வாங்குவதா?

குளத்தங்கரை:

வணக்கம் நண்பர்களே. என்னிடம் இருப்பது 2015-ல் வாங்கிய டிஎஸ்எல்ஆர், ஆரம்ப நிலை மாடல்தான், கூடவே 18-55, 70-300 என்று இரண்டு லென்ஸ். சனி ஞாயிறு ஆனால் கூந்தன்குளம் போய்விடுவேன், பறவைகள்தான் எனக்கு எல்லாம். போன வாரம் ஒரு கூழைக்கடா தண்ணீரில் இறங்கும்போது விடாமல் பன்னிரண்டு படம் எடுத்தேன், வீட்டுக்கு வந்து கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்தால் பன்னிரண்டிலும் மேல்பக்கம் கால்வாசி கறுப்பு. கால் தண்ணீரைத் தொடுவது தெரிகிறது, விரித்த சிறகு மட்டும் இல்லை. ரொம்ப நேரம் அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

ஊரில் ஒரு கடையில் காட்டினேன். திறந்துகூடப் பார்க்காமல் "போர்டு போயிருக்கும் சார், புதுசு வாங்கிடுங்க" என்றார்கள். சர்வீஸ் சென்டரில் போனில் கேட்டால், ஷட்டராக இருந்தால் 9,000 வரை ஆகும், பார்த்துத்தான் சொல்ல முடியும் என்கிறார்கள். இதே மாடல் பழையது 15,000-க்குக் கிடைக்கிறது. புது மிரர்லெஸ் (உள்ளே கண்ணாடி இல்லாத புது வகை கேமரா) வாங்கி, பறவைக்கு ஏற்ற லென்ஸும் போட்டால் லட்சத்தைத் தாண்டிவிடும், அது இப்போதைக்கு முடியாது. பத்து வருட கேமராவில் 9,000 போடலாமா?

திருச்சி ரிப்பேர்:

இருபது வருடமாகக் கேமரா பிரிக்கிறேன், அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன். போர்டு என்று சொன்னதை இப்போதைக்கு மறந்துவிடுங்கள். சென்சாருக்கு முன்னால் திறந்து மூடும் ஷட்டரில் இரண்டு திரை உண்டு, முதல் திரை திறக்கும், இரண்டாவது மூடும். 1/200 வரைக்கும் சென்சார் முழுவதும் ஒரு கணமாவது திறந்திருக்கும், அதற்கு மேல் வேகம் கூட்டினால் முதல் திரை முழுக்கப் போய்ச் சேரும் முன்னேயே இரண்டாவது கிளம்பிவிடும், நடுவில் ஒரு சின்ன இடுக்குதான் சென்சார் மேல் ஓடும். திரையின் தகடு ஒன்று லேசாக ஒட்டினாலே போதும், அந்த இடுக்கு வழியில் மூடிக்கொள்ளும், படத்தில் பட்டை விழும். மெதுவான வேகத்தில் இதே கோளாறு கண்ணுக்கே தெரியாது.

நீங்களே சோதித்துப் பாருங்கள். காலை வெளிச்சத்தில் ஒரு வெள்ளைச் சுவர், ஃபிளாஷ் கண்டிப்பாக வேண்டாம் (வேகம் கூடினால் ஃபிளாஷில் நல்ல கேமராவிலும் பட்டை வரும்). 1/60, 1/250, 1/1000, 1/4000 என்று எடுங்கள், ஐஎஸ்ஓவை (சென்சார் ஒளியை உணரும் அளவு) கூட்டி வெளிச்சத்தைச் சமமாக வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு லென்ஸிலும் செய்யுங்கள். வேகம் கூடக்கூடப் பட்டை பெரிதானால் ஷட்டர்தான். பட்டையாக இல்லாமல் படம் முழுவதும் இருட்டாக வந்தால் லென்ஸில் ஒளி நுழையும் துவாரமான அப்பர்ச்சரைப் பார்க்க வேண்டும், அது வேறு கதை.

ஒன்று மட்டும், வீட்டில் திறந்துவிடாதீர்கள் தம்பி. பேட்டரியைக் கழற்றினாலும் ஃபிளாஷ் கெப்பாசிட்டரில் 300 வோல்ட் வரை தங்கியிருக்கும், நான் ஒருமுறை வாங்கிய அடி இன்னும் நினைவிருக்கிறது. அப்புறம் ஷட்டரை மாற்ற சென்சாரையே கழற்ற வேண்டும், திரும்ப மாட்டும்போது அதன் உயரம் முடியளவு மாறினாலும் ஃபோகஸ் தப்பும். 9,000 கேட்பது பாகத்துக்கு மட்டும் இல்லை, இந்த வேலைக்கும் சேர்த்துத்தான்.

மீனா மதுரை:

நான் வேறு மாதிரி சொல்வேன். போன வருடம் இதே நிலையில் நான் 8,500 கொடுத்து ஷட்டர் மாற்றினேன். நான்கு மாதம் நன்றாக ஓடியது, அப்புறம் ஒருநாள் ஆன் ஆகவே இல்லை, மெயின் போர்டு. ஷட்டர் மாற்றியவர் மேல் குற்றம் சொல்ல முடியாது, அவர் தொட்ட பாகம் ஒழுங்காகத்தான் இருந்தது, மற்றதெல்லாம் பழசு, அவ்வளவுதான். அந்தப் பணத்தோடு இன்னும் 6,000 போட்டிருந்தால் குறைவாக ஓடிய பாடி (லென்ஸ் இல்லாத கேமரா மட்டும்) ஒன்று வந்திருக்கும் என்று இன்றைக்கும் மனசு ஆறவில்லை. சார், உங்கள் சொத்து அந்த 70-300 தான், பாடி இல்லை. அதே லென்ஸ் மாட்டுகிற பழைய பாடியைத் தேடுங்கள், ஆனால் ஷட்டர் எண்ணிக்கை (இதுவரை எத்தனை படம் எடுத்தது என்ற கணக்கு) பார்க்காமல் கையை நீட்டாதீர்கள். நிக்கான், பென்டாக்ஸ் என்றால் படக் கோப்புக்குள் பதிவாகும் எக்ஸிஃப் தகவலிலேயே அந்த எண் இருக்கும், விற்பவரிடம் இன்றைக்கு எடுத்த ஒரு படத்தை அப்படியே அனுப்பச் சொன்னால் போதும். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் தகவல் அழிந்துவிடும், டாக்குமெண்டாக அனுப்பச் சொல்லுங்கள்.

அடாப்டர் அண்ணாச்சி:

பின்னாளில் மிரர்லெஸ் போனாலும் லென்ஸ் வீணாகாது. கேனானில் டிஎஸ்எல்ஆருக்கான ஈஎஃப் லென்ஸை மிரர்லெஸ்ஸான ஆர்எஃப் பாடியில் அடாப்டர் போட்டு ஆட்டோ ஃபோகஸோடு பயன்படுத்தலாம். நிக்கானில் எஃப்டிஇசட் அடாப்டர், லென்ஸுக்குள்ளேயே மோட்டார் உள்ள ஏஎஃப்-எஸ் வகை சரியாக ஓடும், மோட்டார் இல்லாத பழைய ஏஎஃப்-டி லென்ஸில் மட்டும் ஃபோகஸைக் கையால்தான் திருப்ப வேண்டும். அதனால் லென்ஸை அவசரப்பட்டு விற்றுவிடாதீர்கள்.

குளத்தங்கரை:

எல்லோருக்கும் நன்றி. இன்று காலை ஏழு மணிக்கு மொட்டைமாடிச் சுவரில் சோதித்தேன். 1/60 சுத்தம், 1/250 மேலே லேசான நிழல், 1/1000 கால்வாசி கறுப்பு, 1/4000 பாதிக்கு மேல் கறுப்பு. இரண்டு லென்ஸிலும் ஒரே மாதிரி. எண்ணிக்கை பார்த்தேன், 71,000. மீனா அக்கா சொன்னதைப் படித்ததும் யோசனையாகிவிட்டது, என் போர்டுக்கும் அதே வயதுதானே.

திருச்சி ரிப்பேர்:

அப்போது ஷட்டர்தான், சந்தேகமே இல்லை. ஆரம்ப நிலை மாடலுக்குப் பொதுவாக ஒரு லட்சம் படம் என்று கணக்கு வைப்போம், 71,000-ல் போவதும் உண்டு. மீனா அம்மா சொன்னதில் நியாயம் இருக்கிறது, ஆனால் பழைய பாடி வாங்கினாலும் அதன் போர்டும் பழசுதான், அதற்கும் யாரும் உத்தரவாதம் தர மாட்டார்கள். உங்கள் கேமரா பத்து வருடம் எப்படி இருந்தது, மழையில் நனைந்ததா, கீழே விழுந்ததா என்று உங்களுக்குத் தெரியும். விற்பவருடையது தெரியாது. எங்கே கொடுத்தாலும் மூன்று கேள்வி கேளுங்கள்: புது பாகமா, வேறு கேமராவில் கழற்றியதா? எத்தனை மாதம் பொறுப்பு? கழற்றிய பழைய ஷட்டரைக் கையில் தருவீர்களா? புது பாகம், 7,500-க்குள் என்றால் நான் சரிசெய்வேன். கழற்றிய பாகம் என்றால் மீனா அம்மா சொன்ன வழியே நல்லது.

குளத்தங்கரை:

கேமரா ஒருநாளும் விழவில்லை, நனையவில்லை, மழை நாளில் அரிசி டப்பா அளவு டப்பாவில் சிலிக்கா ஜெல் போட்டு வைத்திருந்தேன். திங்கட்கிழமை சர்வீஸ் சென்டருக்கு நேரில் போய் அந்த மூன்றையும் கேட்கிறேன், பாடியை மட்டும் கொண்டுபோகிறேன். அதற்கு முன் ஞாயிற்றுக்கிழமை 1/200-லேயே வைத்துக்கொண்டு குளத்துக்குப் போவேன். பறப்பது கிடைக்காது, ஆனால் கருவேல மரக்கூட்டில் உட்கார்ந்திருக்கும் நாரைக் குஞ்சுகள் கிடைக்கும்.