கப்பல்துறைக்குப் போன அருங்காட்சியகம்

குழு: பெரிய வீடு, கொடைக்கானல்
ஞாயிற்றுக்கிழமை

பெரியப்பா (நாயுடுபுரம்), மாலை 6:52
அனைவருக்கும் வணக்கம். அடுத்த மாதம் நாங்கள் இருவரும் அமெரிக்காவில் ஓக்லாந்திலுள்ள மகள் வீட்டுக்குப் போவது உறுதியாகிவிட்டது. சான் பிரான்சிஸ்கோவில் உள்ள எக்ஸ்ப்ளோரட்டோரியம் என்னும் அறிவியல் அருங்காட்சியகத்துக்கு எங்களை அழைத்துப்போவதாகப் பேரன் தொலைபேசியில் சொன்னான். முப்பத்தோரு ஆண்டுகள் இயற்பியல் நடத்தியவனுக்கு அந்தப் பெயர் புதிதல்ல. ஆனால் நான் படித்து அறிந்த அருங்காட்சியகம், தூண்களும் குளமும் அன்னங்களும் சூழ்ந்த ஒரு பழைய மண்டபத்தில் இருந்தது. இப்போது அது கப்பல்துறைக்கு மாறிவிட்டது என்கிறான். மாறிய பிறகு அந்த ஊர் மக்கள் அதைப் பற்றி என்ன பேசிக்கொள்கிறார்கள், மகளே? உன் அம்மாவின் முழங்காலை நினைவில் வைத்துக்கொண்டு பதில் எழுது. முழு வாக்கியங்களில் எழுது; கட்டைவிரல் படத்தை நான் பதிலாக ஏற்பதில்லை.

அக்கா (ஓக்லாந்து), இரவு 7:24
அப்பா, இங்கே இப்போதுதான் காலை ஏழு மணி ஆகப்போகிறது, உங்கள் பேரன் இன்னும் எழுந்திருக்கவில்லை, அதனால் நிதானமாகவே எழுதுகிறேன். நேற்றுதான் மீண்டும் ஒருமுறை போய்வந்தோம்.

நீங்கள் படித்த மண்டபம், 1915-ஆம் ஆண்டு உலகக் கண்காட்சிக்காகக் கட்டப்பட்ட பேலஸ் ஆஃப் ஃபைன் ஆர்ட்ஸ். அருங்காட்சியகம் 1969 முதல் அங்கேதான் இருந்தது. 2013 ஜனவரி 2-ஆம் தேதி அங்கே கதவை மூடி, ஏப்ரல் 17-ஆம் தேதி 15-ஆம் எண் கப்பல்துறையில் திறந்தார்கள். இவ்வளவு ஆண்டுகள் ஆன பிறகும் இந்த ஊரில் அதைப் பற்றிப் பேச்செடுத்தால் இரண்டு கட்சி பிரிந்துவிடும். எங்கள் மாடியில் குடியிருக்கும் பாட்டி, பிள்ளைகளையும் பின்னர் பேரப்பிள்ளைகளையும் பழைய மண்டபத்துக்கு அழைத்துப்போனவர், இடம் மாறிய பின் ஒரே ஒருமுறை போய்விட்டு இனிப் போவதில்லை என்று நின்றுவிட்டார். பழைய இடம் இருட்டாகவும் குளிராகவும் ஒரு பெரிய பட்டறையைப் போலவும் இருந்ததாம். பிள்ளைகள் யாருடைய கண்ணிலும் படாமல் ஒரு மூலையில் ஒரே பொருளை அரைமணி நேரம் குடைந்துகொண்டிருக்கலாமாம். புதிய இடம் விமான நிலையத்தைப் போல வெளிச்சமாக இருக்கிறது என்பது அவருடைய குறை.

என் அலுவலகத்தில் உள்ளவர்களோ நேர்மாறாகச் சொல்கிறார்கள். ஓக்லாந்துக்காரர்களுக்கு இது வரப்பிரசாதம். ஓக்லாந்துக்கும் சான் பிரான்சிஸ்கோவுக்கும் நடுவிலுள்ள வளைகுடாவுக்கு அடியில் ஓடும் பார்ட் ரயிலில் ஏறினால், தண்ணீரைக் கடந்ததும் முதல் நிலையம் எம்பார்க்கடேரோ. அங்கிருந்து கரையோரமாக நடந்தே போய்விடலாம். முன்பெல்லாம் ரயிலை விட்டு இறங்கிப் பேருந்துக்குக் காத்திருந்து, நகரத்தின் மறுகோடிக்குப் போக வேண்டும். 2012-இல் நான் வந்த புதிதில் அப்படிப் போய், உள்ளே நுழைவதற்குள்ளேயே களைத்துப்போனது நினைவிருக்கிறது.

மாமா (பூம்பாறை), இரவு 7:31
வண்டியில் போகிறவர்களின் கட்சி எது என்று நீ எழுதவில்லையே, அம்மா.

அக்கா (ஓக்லாந்து), இரவு 7:36
அவர்கள்தான் மாமா உரக்கப் பேசும் கட்சி. பழைய மண்டபத்தில் வண்டியைக் காசில்லாமல் நிறுத்த முடிந்தது. கப்பல்துறையில் அருங்காட்சியகத்துக்கென்று வண்டி நிறுத்தும் இடம் கிடையாது. சாலைக்கு எதிர்ப்பக்கம் தனியார் நிறுத்துமிடங்களில் கட்டணம் செலுத்த வேண்டும்.

மாமா (பூம்பாறை), இரவு 7:39
மே மாதத்தில் ஏரிச்சாலையில் வண்டி நிறுத்தத் தெரிந்தவனுக்கு உலகத்தில் வேறெங்கும் பயமில்லை. மச்சான், நீங்கள் ரயிலிலேயே போங்கள்.

தம்பி (கோவை), இரவு 7:48
பெரியப்பா, வண்டியையும் வெளிச்சத்தையும் விடக் கட்டணம்தான் பெரிய குறை என்று எனக்குத் தோன்றுகிறது. திறந்தபோதே பெரியவர்களுக்கு 25 டாலர். இப்போது அதையும் தாண்டிவிட்டது. அத்துடன், எதிர்பார்த்த கூட்டம் வரவில்லை என்று திறந்த அதே ஆண்டிலேயே பணியாளர்களைக் குறைத்தார்கள் என்ற செய்தியையும் படித்திருக்கிறேன். கட்டடத்தைப் பெரிதாகக் கட்டிவிட்டுக் கண்காட்சிப் பொருள்களைச் செய்கிற கைகளைக் குறைத்தால் யாருக்கு இலாபம்? கூரை முழுவதும் சூரிய மின்பலகைகள், கட்டடத்தைக் குளிர்விக்கவும் சூடாக்கவும் வளைகுடாத் தண்ணீர் என்று பொறியியல் பக்கத்தில் மட்டும் நான் குறை சொல்ல மாட்டேன். கடல்நீரின் வெப்பநிலை காற்றைப் போல ஏறி இறங்காது என்பதால், அதைக் குழாய்களில் ஓடவிட்டு வெப்பத்தை வாங்கவும் கொடுக்கவும் செய்கிறார்கள். எங்கள் கல்லூரியில் அதைப் பாடமாகவே படித்தோம்.

அக்கா (ஓக்லாந்து), இரவு 7:55
கட்டணத்தைப் பற்றித் தம்பி எழுதியது உண்மை. நாங்கள் ஆண்டு உறுப்பினர் அட்டை வாங்கியிருப்பதால் வலி தெரியவில்லை. வாங்க முடியாதவர்கள் எப்போதாவது ஒருமுறைதான் வருவார்கள். வந்தால் கொடுத்த காசுக்கு எல்லாவற்றையும் பார்த்துவிட வேண்டும் என்று பிள்ளையைத் தரதரவென்று இழுத்துக்கொண்டு ஓடுவார்கள். நேற்று ஒரு தகப்பன் அப்படித்தான் ஓடினார். மாடிப்பாட்டி சொன்ன அந்த அரைமணி நேரம் போனதற்கு வெளிச்சத்தைவிடக் கட்டணமே காரணமாக இருக்கும் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

அத்தை (பண்ணைக்காடு), இரவு 8:03
எனக்கு ஒன்று புரியவில்லை. அங்கே மூட்டத்தைக் கூடக் காட்சிப் பொருளாக வைத்திருந்தார்களாமே? நம் பிள்ளை போன முறை சொன்னான், நான் நம்பவில்லை.

அக்கா (ஓக்லாந்து), இரவு 8:10
உண்மைதான் அத்தை. புதிய இடம் திறந்தபோது, ஃபுஜிகோ நகாயா என்ற ஜப்பானியக் கலைஞர் இரண்டு கப்பல்துறைகளுக்கு நடுவிலுள்ள நடைபாலத்தில் மூட்டத்தை உண்டாக்கிக் காட்டினார். தண்ணீரை மிகுந்த அழுத்தத்தில் நூற்றுக்கணக்கான நுண்துளை முனைகள் வழியே பீய்ச்சினால் அது மூட்டமாகவே மிதக்கிறது. சாயமோ மருந்தோ இல்லை, வெறும் தண்ணீர். அவருடைய தந்தை உகிச்சிரோ நகாயா, ஆய்வுக்கூடத்தில் முதன்முதலாகச் செயற்கைப் பனிப்படிகத்தை உருவாக்கிய இயற்பியலாளர். பாலத்தின் மேல் நடந்துகொண்டிருக்கும்போதே முன்னால் போகிறவரின் முதுகு மறைந்துவிடும்.

அத்தை (பண்ணைக்காடு), இரவு 8:14
இந்த நிமிடம் என் வீட்டுத் திண்ணையில் நின்றால் எதிர்வீட்டு வாழைத்தோட்டமே தெரியவில்லை. துவைத்த துணி மூன்று நாளாகக் காயவில்லை. இதை யாராவது வந்து பார்ப்பதானால் கட்டணத்தில் பாதியைத் தள்ளுபடி செய்கிறேன்.

பெரியப்பா (நாயுடுபுரம்), இரவு 8:37
இவ்வளவு நேரம் படித்துக்கொண்டுதான் இருந்தேன். தங்கை சிரிப்புக்குச் சொன்னாலும், மூட்டத்துக்குள் பிறந்தவர்களுக்கு மூட்டம் பாடமாவதில்லை.

இந்த அருங்காட்சியகத்தை நிறுவிய ஃபிராங்க் ஓப்பன்ஹைமரைப் பற்றி நான் வகுப்பில் சொன்னதுண்டு. அணுகுண்டுத் திட்டத்தின் லாஸ் அலமாஸ் ஆய்வகத்துக்குத் தலைவராக இருந்த ராபர்ட் ஓப்பன்ஹைமருடைய தம்பி, அவரும் இயற்பியலாளர், அந்தத் திட்டத்தில் வேலையும் பார்த்தவர். அரசியல் காரணத்தால் 1949-இல் பல்கலைக்கழக வேலையை இழந்து, கொலராடோவில் மாட்டுப் பண்ணை வைத்துப் பிழைத்தார். பிறகு அங்குள்ள சிற்றூர்ப் பள்ளியில் ஆசிரியரானார். பழைய இரும்பையும் கம்பியையும் கொண்டுவந்து பிள்ளைகளின் கையில் கொடுத்துப் பாடம் நடத்தியவர் அவர் என்று படித்த நாளில்தான், நம் பள்ளி ஆய்வுக்கூடத்தின் அலமாரிப் பூட்டை நான் கழற்றிப்போட்டேன். தலைமையாசிரியரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டது வேறு கதை.

இடம் மாறுவது நமக்கும் புதிதல்ல. சூரிய ஆய்வகத்துக்கு நாம் எல்லோரும் சிறுவயதிலிருந்து போய்வருகிறோம். அது இந்த மலையிலேயே முளைத்தது என்று பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். 1792-இல் சென்னை நுங்கம்பாக்கத்தில் கட்டப்பட்ட வானாய்வகம்தான் 1899-இல் இங்கே ஏறி வந்தது. மழை பொய்ப்பதற்கும் சூரியனுக்கும் தொடர்பு உண்டா என்று ஆராய வேண்டும் என்ற எண்ணம் 1870-களின் பெரும் பஞ்சத்துக்குப் பிறகு வலுத்தது. அதற்குப் புழுதியும் வெக்கையும் இல்லாத வானம் தேவைப்பட்டது. வந்து பத்தாண்டுக்குள், 1909-இல், எவர்ஷெட் என்ற வானியலாளர் இங்கேயிருந்து சூரியனின் கரும்புள்ளிகளில் வாயு வெளிநோக்கி ஓடுவதைக் கண்டுபிடித்தார். ஆக, மாறியதால் அறிவியலுக்கு நன்மை. ஆனால் நுங்கம்பாக்கத்தில் என்ன மிஞ்சியது? நேரம் கணிக்கிற வேலையும், தமிழிலும் எழுத்துப் பொறித்த ஒரு கருங்கல் தூணும். மாடிப்பாட்டியைப் போல அங்கேயும் யாராவது ஒருவர் அந்தத் தூணைப் பார்த்துப் பெருமூச்சு விட்டிருப்பார்.

ஆகவே, மகளே, இடத்தைப் பற்றியும் கட்டணத்தைப் பற்றியும் நீங்கள் எழுதியவற்றைக் குறித்துக்கொண்டேன். எனக்குத் தெரிய வேண்டியது ஒன்றே ஒன்றுதான். பழைய மண்டபத்தில், பொருள்களைச் செய்கிற பட்டறை வருகிறவர்களின் கண்முன்னாலேயே இருந்தது என்று படித்திருக்கிறேன். அறுப்பதும் பற்றவைப்பதும் தெரியும். செய்தது சரியாக வராவிட்டால் பிரித்து மறுபடி செய்வதும் தெரியும். அந்தப் பட்டறை இப்போது எங்கே இருக்கிறது? நிலவறைக்குள் தள்ளிவிட்டார்களா?

அக்கா (ஓக்லாந்து), இரவு 8:49
இல்லை அப்பா, அதை மறைக்கவில்லை. உள்ளேயே, பார்வையாளர்கள் நடமாடும் இடத்தை ஒட்டியே இருக்கிறது; நின்று வேடிக்கை பார்க்கலாம். நேற்று ஒரு பெண் ஏதோ ஒரு சக்கரத்தைச் சுழலவிட்டு, காதை அதன் பக்கத்தில் வைத்துக் கேட்டுவிட்டு, உதட்டைப் பிதுக்கிக்கொண்டு மீண்டும் கழற்றினாள். இவன் அசையாமல் நின்றுவிட்டான். காட்சிப் பொருள்கள் அறுநூறுக்கு மேல் இருக்கும்போது இதை மட்டும் பார்த்துக்கொண்டு நிற்கிறாயே என்று நான்தான் இழுத்தேன். இப்போது எழுதும்போது வெட்கமாக இருக்கிறது.

நான், இரவு 9:02
அக்கா, நீங்கள் இழுத்ததற்காக வருந்த வேண்டாம். வகுப்புப் பிள்ளைகளை அழைத்துப்போகும்போது நானும் அதைத்தான் செய்கிறேன். சென்ற ஆண்டு மன்னவனூர்ப் பக்கத்துப் பிள்ளைகள் முப்பது பேரைச் சூரிய ஆய்வகத்துக்கு அழைத்து வந்தோம். வளைந்து வளைந்து வரும் பேருந்தில் நான்கு பேர் வாந்தி எடுத்தார்கள். வந்து சேர்ந்தபோது மூட்டம் இறங்கிச் சூரியனே இல்லை. உள்ளே சுவரில் இருந்த படங்களைப் பார்த்துவிட்டு, கடைசிப் பேருந்தைப் பிடிக்க ஓடினோம். மன்னவனூர்ப் பிள்ளைக்குக் கொடைக்கானலே சென்னை. அதனால் எங்கே மாற்றினார்கள் என்று கேட்கும்போதெல்லாம், யாருடைய வீட்டிலிருந்து அளக்கிறார்கள் என்றுதான் எனக்குக் கேட்கத் தோன்றுகிறது. உங்கள் மாடிப்பாட்டியின் வீடு முன்பு அந்த மண்டபத்துக்குப் பக்கத்தில் இருந்ததா?

அக்கா (ஓக்லாந்து), இரவு 9:06
இரண்டு தெரு தள்ளி. நடந்தே போவார்களாம். நீ கேட்கும் வரை எனக்கு இது தோன்றவில்லை.

தம்பி (கோவை), இரவு 9:10
அப்படியானால் ஓக்லாந்திலிருந்து ரயிலேறி வருகிற பிள்ளைகளுக்கு இப்போதுதான் அது பக்கத்தில் வந்திருக்கிறது. கட்டணத்தைப் பற்றிய என் கருத்தை மட்டும் நான் மாற்றிக்கொள்ளவில்லை.

பெரியப்பா (நாயுடுபுரம்), இரவு 9:14
மாற்றிக்கொள்ள வேண்டாம். நானும் உன் பக்கம்தான். முழங்காலுக்கு என்ன வழி என்று இன்னும் யாரும் சொல்லவில்லை.

அக்கா (ஓக்லாந்து), இரவு 9:21
எல்லாம் ஒரே நீண்ட கொட்டகை போலத் தரைமட்டத்தில் இருக்கிறது. வளைகுடாவைப் பார்க்கும் கண்ணாடிக் கூடம் மட்டும் மேலே, அதற்கு மின்தூக்கி உண்டு. பள்ளி மாணவர்களையே விளக்கம் சொல்ல நியமித்திருக்கிறார்கள். ஆரஞ்சு நிற மேலுடை அணிந்து நிற்பார்கள். அம்மா எங்கே உட்கார்ந்தாலும் பக்கத்தில் வந்து பேச்சுக் கொடுப்பார்கள். முழு இருட்டில் தவழ்ந்து, கையால் தடவியே வழி கண்டுபிடிக்கிற குவிமாடம் ஒன்று 1971 முதல் இருக்கிறது. புதிய இடத்திலும் கட்டியிருக்கிறார்கள். அதற்குள் மட்டும் அம்மா வேண்டாம்.

இன்னொன்றை முன்பே சொல்லிவிடுகிறேன். அங்கே கழிப்பறைப் பீங்கான் வடிவத்தில் ஒரு குடிநீர்க் குழாய் இருக்கிறது. யாரும் ஒருமுறை கூடப் பயன்படுத்தாத புதிய பீங்கான், வருவதும் நல்ல குடிநீர்தான். அது அறிவுக்குத் தெரிகிறது, வாய் கிட்டே போக மறுக்கிறது. அந்த மறுப்பைப் பிள்ளைகள் தாமாகவே உணர வேண்டும் என்றுதான் வைத்திருக்கிறார்கள். இவன் நேற்று மூன்று முறை குனிந்து மூன்று முறையும் நிமிர்ந்துவிட்டான்.

அத்தை (பண்ணைக்காடு), இரவு 9:24
சிவ சிவா. அண்ணா, நீங்கள் வீட்டிலிருந்தே குப்பியில் தண்ணீர் எடுத்துப் போங்கள்.

அக்கா (ஓக்லாந்து), இரவு 9:31
இவன் எழுந்துவிட்டான். நான் எழுதுவதைத் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்துவிட்டு, தாத்தா அதில் குடிப்பாரா என்று கேட்கச் சொல்கிறான். நீங்கள் குடித்தால் அவனும் குடிப்பானாம்.

பெரியப்பா (நாயுடுபுரம்), இரவு 9:33
கூட்டம் குறைவாக இருக்கும் ஒரு வாரநாள் காலைக்கு அனுமதிச் சீட்டு எடுத்துவிடு. சர்க்கரை மாத்திரையை அன்று அந்தத் தண்ணீரிலேயே போட்டுக்கொள்கிறேன் என்று அவனிடம் சொல்.