மூன்று நாள் ஸ்டாலில் 55 கிலோ அரிசிதான் விற்றது. பங்குனித் திருவிழாவுக்கு என்ன மாற்றலாம்?

பாமணிக்கரை:

எல்லோருக்கும் வணக்கம். மன்னார்குடிக்குப் பக்கத்தில் மூன்று ஏக்கர் வைத்திருக்கிறேன். இரண்டு ஏக்கரில் வழக்கமான நெல். மீதி ஒன்றில் நான்கு வருடமாகப் பாரம்பரிய ரகமான மாப்பிள்ளை சம்பா, ஓரமாகக் கொஞ்சம் கருப்புக் கவுனி. வியாபாரியிடம் நெல்லாகப் போட்டால் கட்டுப்படியாகவில்லை. நாமே அரைத்து விற்போம் என்று, தை மாதக் கடைசியில் நடந்த ஒரு விவசாயக் கண்காட்சியில் மூன்று நாளைக்கு ஸ்டால் எடுத்தேன்.

கணக்கு இதுதான். ஸ்டால் வாடகை 4,500. லோடு ஆட்டோ போக வர 1,600. சாப்பாடு, டீ 700. ஐந்து கிலோ பை அறுபது கொண்டுபோனேன், கிலோ 90 ரூபாய். விற்றது பதினொரு பை, 4,950 ரூபாய். அரிசியின் விலையைச் சேர்க்காமலே 1,850 கைவிட்டுப் போயிற்று. கூட்டம் இல்லை என்று சொல்ல முடியாது. நின்றார்கள், பேனரைப் படித்தார்கள், "நல்ல விஷயம் தம்பி, விடாமல் செய்யுங்க" என்று வாழ்த்திவிட்டுப் போனார்கள்.

இன்னும் 49 பை வீட்டில் கிடக்கிறது. பங்குனித் திருவிழாவுக்கு மன்னார்குடியில் கடை போடலாமா, அல்லது இதோடு விட்டுவிடலாமா? வீட்டில் இரண்டாவதைத்தான் சொல்கிறார்கள்.

தராசு:

விற்பனை பற்றி மற்றவர்கள் சொல்லட்டும், நான் ஒரே விஷயம். எலக்ட்ரானிக் தராசில் இந்த வருட அரசு முத்திரை இருக்கிறதா பாருங்கள். பாக்கெட் போட்டு விற்பதென்றால் பெயர், முகவரி, நிகர எடை, பாக்கெட் செய்த மாதம், அதிகபட்ச விலை, புகாருக்கு ஒரு போன் நம்பர், உணவுப் பாதுகாப்புத் துறையின் 14 இலக்க எண், இவ்வளவும் மேலே இருக்க வேண்டும். "விவசாயிதானே, யார் கேட்பார்கள்" என்று இருந்தவர்களின் தராசை அதிகாரிகள் எடுத்துக்கொண்டு போனதை நேரில் பார்த்திருக்கிறேன்.

நீடாமங்கலம் அக்கா:

தம்பி, உன் கணக்கைப் படித்ததும் சிரிப்பு வந்துவிட்டது, கோபித்துக்கொள்ளாதே. என் முதல் ஸ்டாலும் இதே கதைதான். நான் பத்து கிலோ பையாகக் கொண்டுபோனேன். உன்னைவிடப் பெரிய புத்திசாலி.

திருவிழாவுக்கு வருகிறவர்களைக் கொஞ்சம் நினைத்துப் பார். ஒரு கையில் பிள்ளை, இன்னொரு கையில் பலூன், தோளில் பை. கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்ற கவலை வேறு. ஐந்து கிலோ அரிசியை வாங்கி எங்கே வைத்துக்கொள்வார்கள்? அவர்களுக்கு உன் அரிசி பிடிக்கவில்லை என்று அர்த்தமில்லை. தூக்க முடியவில்லை, அவ்வளவுதான். அதனால் அரைக் கிலோ போடு. ஒரு குடும்பம் ஒருவேளை பொங்கிப் பார்க்கிற அளவு. 50 ரூபாய். ஒரு கிலோ 100. ஐம்பதும் நூறுமாக வைத்தால் சில்லறைக்கு அலைய வேண்டாம். 49, 95 என்றெல்லாம் போடாதே. ஸ்டாலில் நீ விற்பது ஒருவேளைச் சோறு. மூட்டை கேட்டு அவர்களே பிறகு போன் செய்வார்கள்.

ஆனால் அந்த ஒருவேளைச் சோறு சரியாக வெந்தால்தான் போன் வரும். முதல் வருடம் எனக்கு வந்த போன் எல்லாம் திட்டு. பொன்னி மாதிரி கழுவி அப்படியே குக்கரில் வைத்திருக்கிறார்கள், பல்லில் கடிக்க முடியவில்லை. ராத்திரியே ஊறப்போட வேண்டும் என்று நான் யாரிடமும் சொல்லவில்லை. நமக்குத் தெரிந்ததெல்லாம் ஊருக்கே தெரியும் என்ற நினைப்பு. இப்போது ஒவ்வொரு பாக்கெட்டிலும் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு சீட்டு: எவ்வளவு நேரம் ஊற வேண்டும், ஒரு டம்ளர் அரிசிக்கு எத்தனை டம்ளர் தண்ணீர், குக்கர் என்றால் எத்தனை விசில், கீழே என் நம்பர். பெரிய எழுத்தில். இதற்கு அரிசி வாங்குகிறவர்களில் பாதிப்பேர் கண்ணாடியை வீட்டில் வைத்துவிட்டு வருகிறவர்கள். அளவை என்னைக் கேட்டு எழுதாதே. உன் அரிசியை உன் வீட்டு அடுப்பில் வைத்துப் பார்த்துவிட்டு எழுது.

அடுத்து, அந்த 49 பை. மொத்தத்தையும் ஏன் அரைத்தாய்? தவிடு நீக்காத அரிசி ரொம்ப நாள் தாங்காது. தவிட்டில் எண்ணெய் இருக்கிறது, அரைத்த நாளிலிருந்தே அது கெடத் தொடங்கும், ஒரு கட்டத்தில் சிக்கு வாடை அடிக்கும். வண்டும் அதைத்தான் தேடி வரும். நெல்லாக வைத்திருந்தால் அடுத்த அறுப்பு வரை கவலையில்லை. நான் திருவிழாவுக்குப் பத்து நாள் முன்புதான் மில்லுக்குப் போவேன், அதுவும் விற்கும் என்று நினைப்பதில் முக்கால் பங்கு. தீர்ந்துபோனால் நம்பர் எழுதிக்கொள்ளலாம். மிஞ்சினால் நாம்தான் தின்ன வேண்டும். இருப்பதை இன்றைக்கே பிரித்து முகர்ந்து பார். நன்றாக இருந்தால் மாவாக்கு, புட்டு மாவு, கஞ்சி மாவு என்று போகும். கொஞ்சம் நெல் மிச்சமிருந்தால் அவல் இடித்துக்கொள். கால் கிலோ அவல் 50 ரூபாய். என் கடையில் முதலில் காலியாவது எப்போதும் அதுதான். ஊறப்போட வேண்டாம், விசில் வேண்டாம், பிள்ளைகள் சும்மாவே மெல்லும்.

சாம்பிள் கட்டாயம் வை. கவுனிப் பாயசம் வைத்தால் அந்தக் கருநீல நிறத்துக்கே கூட்டம் சேரும். ஆனால் சித்திரையில் ஒரு கண்காட்சிக்குக் காலையிலேயே தேங்காய்ப்பால் ஊற்றிக் கொண்டுபோனேன். இரண்டு மணிக்குப் புளித்துவிட்டது. நான் கவனிக்கவில்லை. ஒரு வாய் வைத்த ஒரு பெரியவர் ஒன்றுமே சொல்லாமல் தொன்னையைக் கீழே வைத்துவிட்டுப் போனார். அந்த முகம் இன்னும் நினைவிருக்கிறது. அன்றிலிருந்து அவலும் வெல்லமும்தான். தேங்காயை அவ்வப்போது கையளவு துருவிக் கலப்பேன். பிளாஸ்டிக் கப் வாங்காதே, 2019 முதலே தடை; தொன்னை போதும்.

அரிசியைப் பாக்கெட்டில் மட்டும் அடுக்கி வைக்காதே. முறத்தில் கொட்டி முன்னால் வை. திறந்து கிடக்கிற அரிசிக்குள் கைவிடாமல் எந்த மனுஷியாலும் தாண்டிப் போக முடியாது. கைவிட்டதும் "இது என்ன, சிவப்பாக இருக்கு?" என்று கேட்பாள். வியாபாரம் அங்கே ஆரம்பிக்கிறது. அந்த முறத்து அரிசியை மட்டும் விற்காதே, நூறு கை பட்டது.

இடம் எப்படி? நுழைவாசலில் எடுத்தாயோ? உள்ளே வருகிறவன் ராட்டினத்தைப் பார்க்கிற அவசரத்தில் இருப்பான். வெளியே போகிற வழியில் கேள். பஜ்ஜிக் கடைக்குப் பக்கத்தில் எண்ணெய் நாற்றம் அரிசியில் ஏறும். கரும்புச்சாறு என்றால் ஈ. வளையல் கடைக்குப் பக்கத்தில் கிடைத்தால் விடாதே. பெண்கள் அங்கே அரை மணி நேரம் நிற்பார்கள், கூட வந்த ஆண்கள் செய்வதறியாமல் உன் முறத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள்.

கடைசியாக, நாற்காலி போடாதே. என் வீட்டுக்காரர் மூன்று வருடம் உட்கார்ந்து போனைத் தேய்த்துக்கொண்டிருந்தார். நாலாம் வருடம் நாற்காலியை லோடு ஆட்டோவிலேயே திருப்பி அனுப்பினேன். அந்த வருடம்தான் லாபம்.

பாமணிக்கரை:

அக்கா, நுழைவாசலில்தான் எடுத்தேன். நாற்காலியும் இருந்தது, இரண்டு.

இரண்டு சந்தேகம். பேரம் பேசினால் என்ன செய்வது? இன்னொன்று, வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் "சுகர் குறையுமா?" என்றுதான் கேட்கிறார்கள். பக்கத்து ஸ்டாலில் "குணமாகும்" என்று போர்டே வைத்திருந்தார்கள், அங்கே நல்ல கூட்டம்.

விதைக்கோட்டை:

அக்கா சொன்னதில் ஒன்றோடு எனக்கு உடன்பாடில்லை. கோயில் திருவிழாவே வேண்டாம் என்பேன். சாமி பார்க்க வருகிறவனுக்கு நெல் ரகத்தின் பெயரை விளக்கி வாய் வலிப்பதுதான் மிச்சம். திருத்துறைப்பூண்டி நெல் திருவிழா மாதிரி இடத்துக்குப் போங்கள். பாரம்பரிய நெல் ரகங்களைத் தேடிச் சேர்த்த நெல் ஜெயராமன் 2006இல் பக்கத்து ஆதிரெங்கத்தில் தொடங்கியது. இரண்டு கிலோ விதை வாங்கினால் அடுத்த வருடம் நான்கு கிலோவாகத் திருப்பித் தர வேண்டும் என்பது அங்கே வழக்கம். வருகிறவர்களுக்குப் பூங்கார் எது, காட்டுயானம் எது என்று தெரியும். விளக்குகிற வேலை மிச்சம்.

நீடாமங்கலம் அக்கா:

விதைக்கோட்டை சொல்வது விதைக்குச் சரி. அங்கே வருகிறவர் விவசாயி, அவர் வீட்டில் அவருடைய அரிசியே இருக்கிறது. நானும் போவேன், விதையும் தோழமையும் கிடைக்கும். அரிசி அங்கே விற்றதில்லை. கடையில் அரிசி வாங்கித் தின்கிற டவுன்காரன் இருக்கிற இடத்துக்குத்தான் அரிசியைக் கொண்டுபோக வேண்டும்.

தம்பி, பேரத்துக்கு விலையைக் குறைக்காதே, கொசுறு போடு. ஒரு கைப்பிடி அவல் பேப்பரில் மடித்துக் கொடுத்தால் முகம் மலர்ந்துவிடும், உனக்கு நாலு ரூபாய் போகும். விலையைக் குறைத்தால் பின்னால் நிற்கிற நாலு பேரும் கேட்பார்கள்.

சுகர் விஷயத்தில் வாயை அடக்கிக்கொள். நான் சொல்வது இதுதான்: "இதுவும் அரிசிதாங்க. தவிடு இருக்கு, நல்லா மென்று தின்ன வேண்டியிருக்கும், கொஞ்சத்திலேயே வயிறு நிறையும். அளவைக் குறைச்சுக்குங்க, மாத்திரையை நிறுத்தாதீங்க." சிலர் வாங்காமல் போவார்கள், போகட்டும். ஒருவர் மாத்திரையை விட்டுவிட்டு நம் அரிசியை நம்பி விழுந்தால், அந்தப் பாவத்தை எந்த ஆற்றில் கழுவுவது? குணமாகும் என்று எழுதி விற்பது சட்டப்படியும் தப்பு.

மன்னார்குடிக்குப் போகிறாய் என்றால் இன்னும் ஒன்று. சாமிமேல் வெண்ணெய் வீசுகிற வெண்ணெய்த்தாழி அன்று காலையில் கடை திறக்காதே. தெருவெல்லாம் வெண்ணெய், எல்லார் கையிலும் வெண்ணெய். முறத்தில் கைவிட்டால் உன் அரிசி என்ன ஆகும் என்று நினைத்துக்கொள். சாயங்காலம் போடு. சாமி புறப்பாட்டு நேரத்தில் கூட்டத்தில் நெட்வொர்க் படுத்துவிடும், ஐம்பது ரூபாய்த் தாளாக இரண்டாயிரம் வைத்துக்கொள். போன் திரையை நீட்டிக் காட்டினால் தலையாட்டாதே, உன் ஸ்பீக்கர் பெட்டி சத்தம் போட்ட பிறகு பாக்கெட்டைக் கொடு.

பாமணிக்கரை:

அக்கா, திருவிழா முடிந்து வந்து எழுதுகிறேன். மூன்று சாயங்காலம் கடை போட்டேன். வளையல் கடைக்குப் பக்கத்தில் கிடைக்கவில்லை, பாத்திரக் கடைக்கு எதிரே கிடைத்தது. நாள் வாடகை 1,000.

அரைக் கிலோ 163 பாக்கெட், ஒரு கிலோ 28, அவல் 60. மொத்தம் 13,950 ரூபாய். வாடகையும் ஆட்டோவும் போக 10,000 சொச்சம் நின்றது. இதில் நெல்லுக்கும் மில் கூலிக்கும் போக வேண்டும், ஆனாலும் வீட்டில் பேச்சு மாறியிருக்கிறது. அவல் இரண்டாம் நாளே தீர்ந்துவிட்டது, நீங்கள் சொன்னதை நம்பாமல் குறைவாக இடித்தேன். முதல் நாள் போணியே எட்டு மணிக்குத்தான். அதுவரை நின்றுகொண்டே இருந்ததில் கால் வீங்கிவிட்டது. அம்மா ஒரு முக்காலி கொண்டுவந்தார்கள், உட்காரவில்லை.

நன்றாகப் போனது நான் நினைக்காத ஒன்று. பந்தலில் அழகுக்காக நெற்கதிர்க் குஞ்சம் நான்கு கட்டித் தொங்கவிட்டிருந்தேன், வீட்டு வாசலில் குருவிக்குக் கட்டுவோமே, அது. எல்லோரும் விலை கேட்டார்கள். விற்பதற்கு இல்லை என்று சொல்லிச் சொல்லி அலுத்து, கடைசி நாள் நான்கையும் கொடுத்துவிட்டேன். பணம் வாங்கவில்லை, ஆளுக்கு இரண்டு கிலோ வாங்கிக்கொண்டார்கள்.

நோட்டில் 41 நம்பர் இருக்கிறது. பத்து நாள் கழித்துப் போன் செய்தேன். ஒன்பது பேர் அரிசி கேட்டிருக்கிறார்கள், சேர்த்து 75 கிலோ. ஐந்தாறு பேர் இன்னும் சமைக்கவே இல்லை. ஒரு அம்மா மட்டும் பாக்கெட்டில் வண்டு இருந்தது என்று கோபமாகப் பேசினார். தைமாசம் அரைத்ததில் இரண்டு கிலோ இதோடு கலந்துபோயிருக்கும் என்று நினைக்கிறேன். கும்பகோணத்தில் இருக்கிறார், அரைக் கிலோவுக்காகப் பஸ் ஏறிப் போக வேண்டுமா?

நீடாமங்கலம் அக்கா:

போ. ஒரு கிலோவாகக் கொண்டுபோ, பழையதைத் திருப்பி வாங்கிக்கொண்டு வந்து கோழிக்குப் போடு. கும்பகோணத்தில் மற்ற நம்பர்கள் யார் யார் என்று நோட்டைப் பார்த்துவிட்டுக் கிளம்பு, ஒரே பஸ் செலவில் அவர்களுக்கும் கொடுத்துவிடலாம்.

அடுத்த அறுப்பில் குஞ்சத்துக்கென்று நல்ல தாளாக ஒரு கட்டு தனியாக எடுத்து வை. எனக்கு இரண்டு வேண்டும், பேத்தி கேட்டுக்கொண்டே இருக்கிறாள். காசு கொடுத்துவிடுவேன்.