மரகத மோதிரம் செய்யக் கொடுக்கும் முன் ஆலோசனை தேவை

அனைவருக்கும் வணக்கம். அம்மாவின் பழைய தோட்டிலிருந்து கழற்றிய மரகதத்தை வைத்து, தினமும் அணியும்படி ஒரு மோதிரம் செய்யக் கொடுக்க இருக்கிறேன். உருப்பெருக்கியில் பார்க்கும்போது, கல்லுக்குள் மயிரிழை போல ஓடும் விரிசல் ஒன்று ஓரத்தைத் தொட்டு நிற்கிறது. மரகதத்தின் கடினம் மோஸ் அளவில் (கீறலைத் தாங்கும் திறனைக் காட்டும் 1 முதல் 10 வரையிலான அளவுகோல்) 7.5 முதல் 8 வரை இருந்தாலும், இத்தகைய விரிசல் உள்ள கல் அடிபட்டால் உடையக்கூடியது என்பதாலும், விரிசல் வெளியே தெரியாமலிருக்க அதில் நிரப்பிய எண்ணெய் பட்டறைச் சூட்டில் வெளியேறிவிடலாம் என்பதாலும் மிகவும் தயங்குகிறேன். கொக்கிகளால் பிடிக்க வைப்பதைவிடச் சுற்றிலும் தங்க விளிம்பு கட்டுவதே பாதுகாப்பு என்று எனக்குப் படுகிறது. ஆனால் விளிம்பை மடக்கும் அழுத்தத்தை இந்தக் கல் தாங்குமா? விளிம்புக்கு மென்மையான 22 காரட் ஏற்றதா, 75 சதவீதத் தங்கமுள்ள உறுதியான 18 காரட் ஏற்றதா? கல்லுக்குச் சேதம் நேர்ந்தால் பொறுப்பு யாருடையது என்பதை முன்கூட்டியே எழுதி வாங்கிய அனுபவம் உள்ளவர்கள், அதில் என்னென்ன குறிப்பிட்டீர்கள் என்பதையும் தயவுசெய்து தெரிவியுங்கள்.