ஜாங்கோ: இரண்டு ஃபில்டர் மெத்தடுகளைச் சேர்த்தால் வரக்கூடாத ஆட்கள் வருகிறார்கள்

புன்னை:
வணக்கம். எங்கள் தெருப் படிப்பகத்துக்கு ஜாங்கோவில் (பைத்தானில் வெப் அப்ளிகேஷன் எழுத உதவும் ஃபிரேம்வொர்க்) ஒரு அப்ளிகேஷன் எழுதி வருகிறேன். மெம்பர், லோன் என்று இரண்டு மாடல், அதாவது டேட்டாபேஸில் இரண்டு டேபிள். ஒரு மெம்பருக்குப் பல லோன். ஒரே நிபந்தனையை ஒவ்வொரு வியூவிலும் எழுத வேண்டாமே என்று மெம்பருக்குத் தனி க்வெரிசெட் (டேபிளிலிருந்து எடுக்கும் பட்டியல்) கிளாஸ் போட்டு, ஆஸ்_மேனேஜர் மூலம் மாடலின் மேனேஜராக (ஆப்ஜெக்ட்ஸ் என்று கூப்பிடுவது) இணைத்தேன். அதில் இரண்டு மெத்தட். பாக்கி(): புத்தகம் திருப்பித் தராதவர்கள். கெடுதாண்டி(): கெடு தேதி இன்றைக்கு முந்தியது.

தனித்தனியாக இரண்டும் சரி. மெம்பர்.ஆப்ஜெக்ட்ஸ்.பாக்கி().கெடுதாண்டி() என்று சேர்த்தால், நேற்றுதான் புத்தகம் எடுத்த ஒரு அக்காவும் பட்டியலில் நிற்கிறார். அவர் கணக்கில் இரண்டே லோன். பழையதன் கெடு மார்ச் 10, அதை மார்ச் 6-லேயே தந்துவிட்டார். புதியதன் கெடு மே 24, அந்தத் தேதி இன்னும் வரவேயில்லை. வேறு சிலர் பெயர் மூன்று நான்கு தடவை வருகிறது. டிஸ்டிங்ட் (இரட்டித்த வரிசைகளை நீக்குவது) போட்டால் பெயர் ஒன்றாகிறது, அக்கா போகவில்லை. நினைவூட்டல் எஸ்எம்எஸ் போகும் பட்டியல் இது. ஒழுங்காகத் தருபவருக்குத் தவறான செய்தி போகக்கூடாது.

வேங்கை:
இரண்டு நிபந்தனையையும் ஒரே ஃபில்டர்() அழைப்புக்குள் கமா போட்டு எழுதுங்கள். சரியாகிவிடும்.

புன்னை:
ஆமாம், சரியாகிறது. ஆனால் அப்படி எழுதினால் மெத்தடாகப் பிரித்ததே வீணாகிறதே?

கொன்றை:
வேங்கை சொன்னது சரி. ஏன் என்பதையும் பார்த்துவிடுங்கள். க்வெரிசெட்டின் .க்வெரி பண்பை ப்ரின்ட் செய்தால், ஜாங்கோ டேட்டாபேஸுக்கு அனுப்பும் எஸ்க்யூஎல்லில் லோன் டேபிள் இரண்டு தடவை ஜாயின் ஆகியிருக்கும், அதாவது மெம்பர் டேபிளோடு இரண்டு தடவை இணைக்கப்பட்டிருக்கும். இரண்டாவதற்கு டி3 என்று ஒரு மாற்றுப் பெயர் இருக்கும். ஒன்றுக்குப் பல என்ற உறவைத் தாண்டிப் போகும்போது, ஒவ்வொரு ஃபில்டர்() அழைப்புக்கும் ஜாங்கோ புது ஜாயின் போடும். ஆகவே நீங்கள் கேட்டது, ‘திரும்பாத ஏதோ ஒரு லோன் உண்டு, கெடு கடந்த ஏதோ ஒரு லோனும் உண்டு’ என்றாகிவிட்டது. அது ஒரே லோனாக இருக்க வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. அக்காவின் புதிய லோன் முதல் நிபந்தனைக்கும், பழைய லோன் இரண்டாவதுக்கும் பொருந்திவிட்டன.

என் கருத்து இதுதான்: நிபந்தனை எந்த டேபிளின் வரிசையைப் பற்றியதோ, மெத்தட் அந்த மாடலில்தான் இருக்க வேண்டும். பாக்கி என்பதும் கெடு தாண்டியது என்பதும் லோனின் குணங்கள். இரண்டையும் லோனின் க்வெரிசெட்டுக்கு மாற்றுங்கள். அங்கே சேர்த்து எழுதினால் ஜாயினே கிடையாது, ஒரே வரிசை மேல் இரண்டு நிபந்தனை, அவ்வளவுதான்.

அப்புறம் மெம்பரில் ஒரே ஒரு மெத்தட், நினைவூட்ட(). அதற்குள்:

ஃபில்டர்(எக்ஸிஸ்ட்ஸ்(லோன்.ஆப்ஜெக்ட்ஸ்.பாக்கி().கெடுதாண்டி().ஃபில்டர்(மெம்பர்=அவுட்டர்ரெஃப்("பிகே"))))

எக்ஸிஸ்ட்ஸ் ‘அப்படி ஒரு லோனாவது உண்டா’ என்று மட்டும் கேட்கும், அவுட்டர்ரெஃப் வெளியே உள்ள மெம்பரைக் குறிக்கும். உள்ளே இருப்பது துணை வினவல் என்பதால் பெயர் இரட்டிக்காது, டிஸ்டிங்டும் தேவையில்லை. ஜாங்கோ 3.0 முதல் எக்ஸிஸ்ட்ஸை இப்படி நேராக ஃபில்டருக்குள் எழுதலாம். முன்னால் ~ போட்டால் கெடு தாண்டிய பாக்கி எதுவும் இல்லாதவர்கள் கிடைப்பார்கள்.

கெடுதாண்டி()யில் தேதியை எப்படி எடுக்கிறீர்கள்? இன்றைய தேதியை மெத்தடின் டீஃபால்ட் ஆர்கியுமென்டாக வைக்காதீர்கள். பைத்தான் அதை ஃபைல் ஏறும்போது ஒரே தடவைதான் கணக்கிடும். சர்வரை மறுபடி தொடங்கும்வரை அதே தேதிதான். மெத்தடுக்குள்ளேயே டைம்ஜோன்.லோக்கல்டேட்() அழையுங்கள்.

புன்னை:
மாற்றிவிட்டேன். அக்கா பட்டியலில் இல்லை, பெயர்களும் ஒரு தடவைதான் வருகின்றன. ரொம்ப நன்றி. கூடவே ஒன்று: சந்தா நிறுத்தியவர்களை எங்கேயும் காட்ட வேண்டாம். அந்த ஃபில்டரை மேனேஜரின் கெட்_க்வெரிசெட்டிலேயே போட்டுவிடலாமா?

கொன்றை:
வேண்டாம். மாடலில் முதலில் எழுதும் மேனேஜர்தான் டீஃபால்ட் மேனேஜர். அட்மின் பக்கம் அதைத்தான் கேட்கும். சந்தா நிறுத்தியவர் திரும்பி வந்தால் அவரை அட்மினில் தேடிக்கூட எடுக்க முடியாது. இதைவிடப் பெரிய ஆபத்து டம்ப்டேட்டா, டேட்டாவை ஃபைலாக எடுக்கும் ஜாங்கோ கமாண்ட். ‘ஆல்’ என்ற ஆப்ஷன் கொடுக்காவிட்டால் அதுவும் டீஃபால்ட் மேனேஜர் வழியாகத்தான் எடுக்கும். பேக்கப்பில் அந்த ஆட்கள் இருக்க மாட்டார்கள், எச்சரிக்கையும் வராது. ஆப்ஜெக்ட்ஸ் எல்லாரையும் தரட்டும். நடப்பு() என்று ஒரு மெத்தட் எழுதி, தேவைப்படும் வியூவில் மட்டும் கூப்பிடுங்கள்.