300 ஓம் ஹெட்போனுக்கு டாங்கிள் போதுமா, மேசை டாக் வேண்டுமா?

புதுச்செவி:

வணக்கம். சென்ஹைசர் எச்டி 600 ஹெட்போனை மடிக்கணினியின் ஹெட்போன் துளையிலேயே செருகிக் கேட்டு வருகிறேன். ஒலியளவை முழுவதும் ஏற்றிய பிறகும் சில பழைய பதிவுகள் போதிய உரத்தில் ஒலிப்பதில்லை. பாட்டின் மெல்லிய இடங்களில் ஒரு கீச்சொலி பின்னால் ஓடுகிறது. மவுஸை நகர்த்தினால் அதன் தொனி மாறுகிறது. வெளியே செல்லும்போது பல டிரைவர்கள் (ஒலியெழுப்பும் சிறு உறுப்புகள்) கொண்ட இயர்போன் ஒன்றையும் பயன்படுத்துகிறேன். செலவு கூடாமல் ஒரு டாக் (எண்வடிவ ஒலியை அனலாக்காக மாற்றும் கருவி) வாங்க விரும்புகிறேன். சிறிய யூஎஸ்பி டாங்கிள் போதுமா, மேசையில் வைக்கும் தனிக் கருவி வேண்டுமா, எந்தச் சிப் இருப்பதைத் தேடுவது என்று அறிந்தவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

தேன்குரல்:

எச்டி 600 வெளிவந்தது 1997இல். இன்றும் விற்பனையில் இருக்கிறது என்றால், அதற்கு முன்னால் எவ்வளவு நல்ல கருவியை வைத்தாலும் அந்த நன்மையை அது காட்டிக் கொடுக்கிறது என்பதே காரணம் என்று நினைக்கிறேன். எனவே டாங்கிளில் பணத்தைப் போடாதீர்கள். சிறிது பொறுத்திருந்து, ஈஎஸ்எஸ் அல்லது ஏகேஎம் நிறுவனத்தின் உயர்நிலைச் சிப் பொருத்திய மேசைக் கருவியையே வாங்குங்கள். நான் கேட்ட டாங்கிள்களில் குரல் தட்டையாக நின்றது. மேசைக் கருவியில் பாடகரைச் சுற்றி இடம் இருப்பது தெரிந்தது.

அளவுகோல்:

கேள்வி கேட்டவர் இரண்டு குறைகளைத் தெளிவாகச் சொல்லியிருக்கிறார்: உரம் போதவில்லை, கீச்சொலி வருகிறது. இரண்டுமே டாக் சிப்பின் குறைகள் அல்ல. முதலாவது ஆம்ப்ளிஃபையர் தரும் மின்னழுத்தம் பற்றியது; இரண்டாவது மடிக்கணினியின் பலகையில் மற்றச் சுற்றுகளிலிருந்து ஹெட்போன் சுற்றுக்குள் கசியும் இரைச்சல் பற்றியது.

முதலாவதைக் கணக்காகவே பார்க்கலாம். ஆப்பிள் டாங்கிள் அதிகபட்சம் ஏறக்குறைய 1 வோல்ட் தருகிறது. ஐரோப்பாவில் விற்கப்படும் வகை அதில் பாதிதான் தருகிறது. 300 ஓம் ஹெட்போனில் 1 வோல்ட் என்பது சுமார் 3.3 மில்லிவாட். இன்றைய பாடல்களுக்கு அது பலருக்கும் போதும். ஆனால் இவர் சொல்லும் பழைய பதிவுகளில் சராசரி உரம் தாழ்ந்திருப்பதால், ஏற்றுவதற்கு மிச்சம் இராது. இரு காதுக்கும் தனித்தனிக் கம்பி இணை வழியாக ஒலியை அனுப்பும் 4.4 மில்லிமீட்டர் சமநிலை இணைப்பு கொண்ட டாங்கிள்களில் பல 4 வோல்ட் வரை தருகின்றன. அது 53 மில்லிவாட், அதாவது 12 டெசிபெல் கூடுதல் உரம். எச்டி 600இன் கம்பி இரு காதுக்கும் தனித்தனியே கழற்றக்கூடியது என்பதால், கம்பியை மாற்றினாலே அந்த இணைப்பைப் பயன்படுத்தலாம்.

சிப்பின் பெயரைப் பார்த்து வாங்குவதில் எனக்கு நம்பிக்கை இல்லை. 2020 அக்டோபரில் ஏகேஎம் நிறுவனத்தின் நோபெயோக்கா ஆலை தீப்பிடித்து எரிந்தபோது, பல தயாரிப்பாளர்கள் வேறு நிறுவனத்தின் சிப்புக்கு மாறித் தொடர்ந்து விற்றார்கள். சிப்பைச் சுற்றியுள்ள மின்வழங்கியும் வெளியீட்டுச் சுற்றும் செம்மையாக இருந்தால், அளவீட்டில் தெரியும் வேறுபாடு காதுக்கு எட்டும் எல்லைக்கு வெகுவாகக் கீழே போய்விடுகிறது.

தேன்குரல்:

அளவீட்டில் தெரியாதது காதில் தெரியாது என்று முடிவு கட்டுவது அவசரம். ரீஸ் 2016இல் வெளியிட்ட தொகுப்பாய்வில், உயர்தெளிவு ஒலியைக் குறுந்தட்டுத் தர ஒலியிலிருந்து கேட்போர் பிரித்தறிந்தது 52.3 விழுக்காடு முறை. தற்செயல் என்று தள்ள முடியாத அளவு அது. பயிற்சி பெற்றவர்கள் அதைவிட நன்றாகவே பிரித்தறிந்தார்கள்.

அளவுகோல்:

ஐம்பதுக்கும் 52.3க்கும் உள்ள தூரத்துக்காகத்தான் ஒருவர் செலவைக் கூட்ட வேண்டுமா? மேயரும் மோரனும் 2007இல் வெளியிட்ட சோதனையில், உயர்தெளிவு எஸ்ஏசிடி தட்டின் வெளியீட்டை 16 பிட், 44.1 கிலோஹெர்ட்ஸ், அதாவது குறுந்தட்டுத் தரச் சுற்று ஒன்றின் வழியாகச் செலுத்தி ஒப்பிட்டார்கள். 554 முறைகளில் சரியான விடை 276. நாணயம் சுண்டியிருந்தாலும் இதே விடைதான் கிடைத்திருக்கும்.

தேன்குரல்:

அந்தச் சோதனை இரண்டு டாக் கருவிகளை ஒப்பிடவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். கேட்கும்படியான வேறுபாடு டாக்குகளுக்கிடையே உண்டு என்பதற்கு நீங்கள் நம்பும் அளவீடே சாட்சி. மிகைமாதிரி எடுக்காத (மாதிரிகளுக்கு நடுவே கூடுதல் மாதிரிகளைக் கணக்கிட்டுச் சேர்க்காத), மின்தடை ஏணியால் இயங்கும் டாக் ஒன்று 44.1 கிலோஹெர்ட்ஸ் பதிவை ஒலிக்கும்போது, தனியாகத் திருத்தம் செய்யாவிட்டால் 20 கிலோஹெர்ட்ஸில் ஏறக்குறைய 3 டெசிபெல் தாழ்கிறது. பலருக்கு அந்த ஒலி பிடிக்கிறது, எனக்கும் பிடிக்கும். உரத்த இசைக்கோப்புகளில் இரண்டு மாதிரிகளுக்கு நடுவே அலை உச்சவரம்பைத் தாண்டும்போது சில டாக்குகள் அதை வெட்டிவிடுகின்றன, சில தாங்குகின்றன.

அளவுகோல்:

இரண்டும் உண்மை. முதலாவது, வேண்டுமென்றே செய்த தொனி மாற்றம்; அதை ஈக்வலைசரில் செலவின்றிப் பெறலாம். இரண்டாவதற்கு மென்பொருளில் ஒலியளவை 3 டெசிபெல் இறக்கினால் பெரும்பாலான கோப்புகளில் சிக்கல் தீரும். 24 பிட் வழியில் 48 டெசிபெல் இறக்கினாலும் 16 பிட் மிஞ்சுகிறது. எனவே 3 டெசிபெல்லுக்காகத் துல்லியம் போய்விடும் என்று யாரும் கவலைப்பட வேண்டியதில்லை.

பாடகரைச் சுற்றி இடம் தெரிந்தது என்றீர்கள். அப்போது இரு கருவிகளின் உரமும் வோல்ட்மீட்டரால் 0.1 டெசிபெல்லுக்குள் சமன் செய்யப்பட்டிருந்ததா? 1 டெசிபெல் கூடுதலாக ஒலிக்கும் கருவியை நம் காது உரமானது என்று சொல்வதில்லை. தெளிவானது, விரிவானது என்றே சொல்கிறது.

தேன்குரல்:

நான் இசை கேட்க உட்காருகிறேன், ஆய்வுக்கூடத்தில் உட்காரவில்லை. மாதக்கணக்கில் ஒரே கருவியோடு வாழ்ந்து அறிவதை, மாறி மாறிச் சொடுக்கும் சோதனை பிடித்துக் காட்டாது. அதை மூளையின் மயக்கம் என்று தள்ளிவிடுவது உங்களுக்கு எளிது.

சாலிடர்புகை:

இருவரும் பேசும் வேறுபாட்டைவிடப் பல மடங்கு பெரியது ஒன்று இங்கே விடுபட்டிருக்கிறது. அது புதுச்செவியின் இயர்போன். பல டிரைவர் இயர்போன்களின் மின்மறுப்பு (ஒலிச் சமிக்ஞைக்கு அவை காட்டும் தடை, ஓமில் அளப்பது) அலைவெண்ணுக்கு ஏற்ப ஏறி இறங்கும். ஓரிடத்தில் 5 ஓம், வேறோரிடத்தில் 40 ஓம் என்று வைத்துக்கொள்வோம். ஆம்ப்ளிஃபையரின் வெளியீட்டு மின்மறுப்பு 10 ஓம் என்றால், அந்த இரண்டு இடங்களுக்கும் இடையே 7.6 டெசிபெல் அளவுக்குத் தொனியே மாறிவிடும். 1 ஓம் என்றால் 1.4 டெசிபெல்லோடு நிற்கும். எந்தச் சிப் மாற்றமும் இவ்வளவு பெரிய மாற்றத்தைச் செய்யாது. எச்டி 600க்கு இந்தக் கவலை இல்லை; அது 300 ஓமிலிருந்து தாழ்ந்த அலைவெண்களில் 500 ஓமைத் தாண்டி ஏறினாலும், 10 ஓம் ஆம்ப்ளிஃபையரில் வரும் மாற்றம் 0.1 டெசிபெல் அளவே.

மேசைக் கருவி என்றால் இரைச்சல் தீரும் என்ற எண்ணமும் எப்போதும் சரியல்ல. அதற்கென்று நிலமிணைப்புள்ள மின்வழங்கி இருந்து, மடிக்கணினியின் சார்ஜருக்கும் நிலமிணைப்பு இருந்தால், யூஎஸ்பி கம்பி வழியாக இரண்டும் ஒரு வளையமாகிப் புதிய இரைச்சல் நுழையக்கூடும். யூஎஸ்பிக்குப் பதில் டாஸ்லிங்க் ஒளிக்கம்பி வழி இருந்தால் அந்த வளையம் அறுபடும். கணினியிலிருந்தே மின்சாரம் எடுக்கும் டாங்கிளில் ஹெட்போன் மட்டும் தொங்கும்போது அப்படியொரு வளையத்துக்கு வழியே இல்லை. புதுச்செவி, சார்ஜரைக் கழற்றிவிட்டுக் கீச்சொலி மாறுகிறதா என்று கேட்டுச் சொல்லுங்கள்.

புதுச்செவி:

கழற்றிப் பார்த்தேன். கீச்சொலியில் மாற்றமே இல்லை. இயர்போனில் அது இன்னும் உரக்கவே கேட்கிறது.

சாலிடர்புகை:

அப்படியானால் இரைச்சல் மடிக்கணினிக்குள்ளேயே பிறக்கிறது. சமிக்ஞை எண்வடிவிலேயே யூஎஸ்பி வழியாக வெளியே வந்து, அனலாக்காக மாறும் வேலை பலகைக்கு அப்பால் நடந்தால் அது பெரும்பாலும் போய்விடும். ஒரு டாங்கிளே அதைச் செய்யும். விவரப்பட்டியலில் மூன்றைப் பாருங்கள்: 300 ஓம் சுமையில் எத்தனை வோல்ட், வெளியீட்டு மின்மறுப்பு 1 ஓம் அளவில் இருக்கிறதா, குறைந்த கெயின் (பெருக்க அளவு) நிலை உண்டா. மூன்றாவது இயர்போனுக்காக. 4 வோல்ட் தரும் கருவியில் உணர்திறன் மிகுந்த இயர்போனைக் குறைந்த கெயினில் வைக்காவிட்டால், கீச்சொலி போன இடத்தில் சீறலொலி வந்து உட்கார்ந்துகொள்ளும். எட்டில் ஒரு பங்கு விதி என்று ஒன்று வழக்கில் உண்டு: ஆம்ப்ளிஃபையரின் மின்மறுப்பு, ஹெட்போனின் மின்மறுப்பில் எட்டில் ஒன்றைத் தாண்டக் கூடாது. மிகத் தாழ்ந்த மின்மறுப்புள்ள இயர்போனுக்கு அந்த விதியே கொஞ்சம் தாராளமானது என்பேன்.

தேன்குரல்:

4 வோல்ட் தரும் டாங்கிள் என்றால் நானும் தடுக்கவில்லை. உரம் போதாத கருவியை வாங்கிவிட்டு எச்டி 600ஐக் குறை சொல்லக் கூடாது என்பதே என் கவலை. மேசைக் கருவியில் கேட்டதை மட்டும் நான் திரும்பப் பெற மாட்டேன்.

அளவுகோல்:

உரத்தைச் சமன் செய்து, எது எந்தக் கருவி என்று தெரியாமல் 16 முறை கேட்டு 12 முறை சரியாகச் சொல்லுங்கள். வெறும் ஊகத்தால் அப்படி அமைவதற்கான வாய்ப்பு 4 விழுக்காட்டுக்கும் குறைவு. அப்போது நான் ஒத்துக்கொள்கிறேன்.

தேன்குரல்:

செய்யலாம், ஆனால் கேட்கும் எல்லைக்கு மேலுள்ளதை அகற்ற டாக்குகளில் இருக்கும் வடிகட்டியின் அமைப்பையும் சேர்த்துச் சொல்லுங்கள். மெதுவாகச் சரியும் வடிகட்டி சில கருவிகளில் உயர் அலைவெண்களைச் சற்றுத் தாழ்த்துகிறது. இரண்டிலும் வேகமாகச் சரியும் வடிகட்டியை வைத்துத்தான் ஒப்பிடுவேன்.

அளவுகோல்:

அப்படியே வைத்துக்கொள்ளுங்கள். இரு கருவிகளுக்கிடையே மாற்றிக் கேட்க உதவும் மாற்றுப்பெட்டியும் வோல்ட்மீட்டரும் என்னிடம் இருக்கின்றன. 1 கிலோஹெர்ட்ஸ் தொனியை ஒலிக்கவிட்டு, ஹெட்போன் செருகியிருக்கும் நிலையிலேயே உரத்தை அளப்போம். சுமை இல்லாமல் அளந்த எண்ணை நான் ஏற்க மாட்டேன்.